உருளைக்கிழங்குக்குப் பின்னால் ஒரு விமானம்

‘அக்னிச் சிறகுகள்’ உங்கள் வீட்டிலும் ஒரு பிரதி இருக்கும். நீங்கள் வாங்கியிருக்க மாட்டீர்கள். பேச்சுப் போட்டியில் பையனோ பெண்ணோ பரிசாக வாங்கி வந்திருப்பார்கள். அருண் திவாரியோடு சேர்ந்து அப்துல் கலாம் எழுதி, 1999-ல் ஆங்கிலத்தில் வந்த சுயசரிதை. நம்மில் பலர் படித்தது மு.சிவலிங்கத்தின் தமிழில். முழுசாகப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால்தான் கொஞ்சம் சங்கடம்!

ஆனால், ஒரு சம்பவம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். டேராடூனில் விமானப்படைத் தேர்வு. 25 பேர் போனார்கள், 8 பேருக்குத்தான் இடம், கலாம் 9-வது. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இதைச் சொல்லிவிட்டு, “அன்னிக்கு அவர் பாஸாகியிருந்தா நமக்கு ஒரு ஜனாதிபதி கிடைச்சிருப்பாரா?” என்று கேட்பார்கள். கைதட்டல் வரும்.

பி.காம். படித்த எனக்கு இந்தக் கணக்கு எப்பவுமே இடிக்கும். நஷ்டத்தை நஷ்டக் கணக்கில் எழுதாமல் நேராக லாபத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். அந்த 9-வது ஆளுக்கு அன்றைக்குப் போனது என்ன? அதை யாரும் கேட்பதில்லை.

ஒரு பெண் கேட்டாள். கொடைக்கானலில் நாயுடுபுரம் இருக்கிறதே, அங்கே பள்ளிப் பிள்ளைகள் கூடிய ஒரு சின்னக் கூட்டம். இந்தப் புத்தகத்தைப் பற்றி நான் பேசி முடித்ததும் எட்டாவது படிக்கிற ஒருத்தி எழுந்தாள். “சார், அவர் எந்த பிளேனை ஓட்டணும்னு ஆசைப்பட்டார்?”

“போர் விமானம்மா.”

“அது தெரியும் சார். எந்தப் போர் விமானம்?”

விமான நிலையமே இல்லாத மலை அது. மதுரைக்கு இறங்கினால்தான் விமானத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஆனால், கேள்வி அசல் பைலட் கேள்வி! பறக்கும் ஆசை உள்ளவர்களுக்குப் பொதுவாக ‘விமானம்’ என்று ஒன்று கிடையாது. பேர் சொல்லித்தான் ஆசைப்படுவார்கள். ஜே.ஆர்.டி.டாடாவைப் பாருங்கள். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு குட்டி ‘புஸ் மாத்’ விமானத்தை ஓட்டி வந்தவர். (அங்கிருந்து நம்ம மெட்ராஸ் வரை ஓட்டி வந்தவர் நெவில் வின்சென்ட்.) பிறகு ஏர் இந்தியாவுக்கே தலைவராகி, ஜம்போ ஜெட்டெல்லாம் வாங்கிப் பார்த்தார். ஆனால், 1982-ல் அந்தப் பயணத்தின் பொன்விழா வந்தபோது, 78 வயதில் அதே வழியில் அவர் தனியாக ஓட்டி வந்தது 1930-களின் ‘லெபர்ட் மாத்’ விமானத்தை. ஜம்போ வைத்திருந்தவருக்கு மனசெல்லாம் மாத் மேல்!

சரி, கலாமுக்கு எது? ஊர் திரும்பியதும் அந்தக் கேள்வியோடு புத்தகத்தை மறுபடி புரட்டினேன்.

முதலில் குரோம்பேட்டை எம்.ஐ.டி. பகுதி. என்னைக் கேட்டால் புத்தகத்திலேயே உயிருள்ள இடம் அதுதான். வளாகத்தில் பாடம் நடத்துவதற்காக இரண்டு பழைய விமானங்களை நிறுத்தியிருந்தார்கள். மற்ற மாணவர்கள் ஹாஸ்டலுக்குப் போன பிறகும் கலாம் அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம். நமது விமானத்தை நாமே செய்வோம் என்கிற கருத்தில் தமிழில் கட்டுரை எழுதி முதல் பரிசும் வாங்கினார். கொடுத்தவர் ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் தேவன்! இந்த இடத்தில் எழுத்து துள்ளுகிறது. ஆனால், அந்த இரண்டு விமானங்களின் பேர்? ம்ஹூம்.

அடுத்தது டேராடூன். தோல்வி, மலை விளிம்பு, ரிஷிகேஷ், சுவாமி சிவானந்தர், ஆறுதல்... சில பக்கங்களில் காயம் ஆறிவிடுகிறது. டெல்லியில் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் வேலை. அங்கிருந்து கான்பூருக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள்.

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கான்பூரில் அப்போது நடந்துகொண்டிருந்தது ‘நாட்’ போர் விமானத்துக்கான சோதனை. நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்குமா என்று பார்க்கிற பரிசோதனை. அதில் கலாமும் வேலை செய்திருக்கிறார்.

நாட் என்றால் என்ன தெரியுமா? இறக்கை நுனிக்கு நுனி 7 மீட்டர்கூட இல்லாத, பொடி இங்கிலீஷ் ஜெட். ஒரு டவுன் பஸ் நீளம்கூடக் கிடையாது. பின்னால் பெங்களூர் ஹெச்.ஏ.எல்-லிலேயே தயாரித்தார்கள். 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை வீழ்த்தி ‘சேபர் ஸ்லேயர்’ என்று பட்டம் வாங்கியது இதுதான். 1971-ல் ஸ்ரீநகரைக் காக்கப் பறந்து உயிர்விட்டு, விமானப்படையின் ஒரே பரம்வீர் சக்ரா வாங்கிய நிர்மல்ஜித் சிங் செகோன் ஓட்டியதும் இதைத்தான்.

விமானப்படை வேண்டாமென்று திருப்பி அனுப்பிய இளைஞனின் கைக்கெட்டும் தூரத்தில் அந்த விமானம் நிற்கிறது. தொடலாம், சோதிக்கலாம், குறிப்பெழுதலாம். ஓட்டத்தான் முடியாது. ஏறி ஓட்டப்போகிறவர் வேறொருத்தர். எப்பேர்ப்பட்ட கட்டம்! புத்தகம் இதற்கு என்ன கொடுக்கிறது? ஓரிரு வரி. அடுத்து கான்பூரின் கூட்டம், புகை, இரைச்சல். அப்புறம், காலை முதல் ராத்திரி வரை சாப்பாட்டு மேஜையில் உருளைக்கிழங்காகவே வந்து படுத்தியது பற்றிய புலம்பல். நாட் விமானத்தைவிட உருளைக்கிழங்கு மேல் உணர்ச்சி அதிகம்!

சிரித்துவிட்டேன், உண்மைதான். ஆனால், எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. தொடக் கூடாத இடம் வந்தால் நாமும் இப்படித்தானே சாப்பாட்டைப் பற்றிப் பேச்சை மாற்றுவோம்? அந்தப் பெண்ணின் கேள்விக்கு நான் எழுதும் விடை, நாட். அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் தாண்டிப்போன வேகத்தை வைத்துச் சொல்கிறேன்.

இதுதான் புத்தகத்தின் மேல் என் குறையும். எஸ்.எல்.வி., அக்னி என்று ராக்கெட்டும் ஏவுகணையும் வரும்போது பேர், தேதி, எடை, கோளாறு எல்லாம் துல்லியமாக எழுதுகிறவர், தான் ஆசைப்பட்ட விஷயத்தில் மட்டும் பொதுவாகப் பேசுகிறார். சிறகு, வானம், கனவு! வாசகனுக்குப் பாடம் சொல்லும் அவசரத்தில் ஒரு இளைஞனின் ஏக்கத்தைச் சுருக்கிவிட்டார்கள். பேச்சாளர்கள் மீதியையும் முடித்துவிட்டார்கள்.

2006 ஜூன் 8. புனே லோகேகாவ் விமானதளம். 74 வயது ஜனாதிபதி, சுகோய்-30 போர் விமானத்தில் விங் கமாண்டர் அஜய் ராத்தோரோடு பறந்தார். 36 நிமிஷம். ராத்தோர் உதவியோடு சில திருப்பங்களைத் தானே செய்தார். 1958-ல் கிடைக்காதது 48 வருஷம் கழித்து! 2012-ல் வந்த ‘டர்னிங் பாயின்ட்ஸ்’ புத்தகத்தில் இதை எழுதியிருக்கிறார். நெடுநாள் கனவு நிறைவேறியது என்று சொல்கிறார்தான். ஆனால், விமானத்துக்குள் இருக்கும் நம்ம நாட்டுத் தயாரிப்புக் கம்ப்யூட்டர், ரேடார் எச்சரிக்கைக் கருவி பற்றியெல்லாம் சொல்கிறவர், சுகோய் தன் கையில் எப்படித் திரும்பியது என்று விவரிப்பதில்லை. அங்கேயும் விஞ்ஞானி குறுக்கே வந்து பைலட்டை மறைத்துவிடுகிறார்.

புத்தகம் வீட்டில் இருக்கிறதல்லவா? டேராடூனைத் தாண்டி கான்பூர் வரும் பக்கத்தைப் பாருங்கள். மெதுவாகப் படியுங்கள். வேகமாகப் போனால் உருளைக்கிழங்குக்கு வந்துவிடுவீர்கள்.