காப்பா? கர்ச்சனையா?

அயல்நாட்டில் வாழும் குடிமகன் கொள்ளையர் கையில் சிக்கினால், அவனது நாடு என் செய்ய வேண்டும்? ஜான் மிலியஸ் 1975இல் இயக்கிய ‘தி விண்ட் அண்ட் தி லயன்’ என்னும் ஆங்கிலப் படம் விடை பகர்கிறது: கப்பலை அனுப்பு, கர்ச்சனை செய், களத்தில் இறங்கு! கேட்க இனிக்கும் விடைதான். உண்மை விடைதானா?

மொராக்கோவின் டாஞ்சியர் நகரில் வாழும் அமெரிக்க மங்கையையும் அவள் மக்களையும் மலைத்தலைவன் ரெய்சூலி கடத்திச் செல்கிறான். குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் சீறுகிறார். அமெரிக்க வீரர்கள் நகருள் அணிவகுத்து, ஆளுநர் மாளிகையைத் தாக்கிக் கைப்பற்றுகின்றனர். இது படக்கதை. ரெய்சூலியாக வரும் ஷான் கானரியின் மிடுக்கு மனத்தை அள்ளுகிறது. தேர்தலை எண்ணியே ரூஸ்வெல்ட் முழங்குகிறார் என்பதையும் இயக்குநர் ஒளிக்கவில்லை, பாராட்டுவோம். ஆனால், ஒளித்தவையும் உள, தோழர்களே!

1904 மே 18 அன்று கடத்தப்பட்டவர் மங்கையல்லர். அயான் பெர்டிக்காரிஸ் என்னும் 64 வயது முதியவர். உடன் சென்றவர் அவர் மனைவியின் மகன். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862இல், கிரேக்கக் குடியுரிமை பெற்றவர் பெர்டிக்காரிஸ். அவர் அமெரிக்கக் குடிமகன்தானா என்பதே ஐயம்! அவ்வையம் வாஷிங்டன் அறிந்ததே. எனினும் 1933 வரை உலகறியாது மூடிவைக்கப்பட்டது.

போர்க்கப்பல்கள் சென்றன, மெய்தான். ஆனால் மாளிகையைப் பிடித்த படை எங்கே? பெர்டிக்காரிஸ் உயிருடன் வேண்டும், இன்றேல் ரெய்சூலி பிணமாக வேண்டும் என அயலுறவு அமைச்சர் ஜான் ஹே ஜூன் 22இல் தந்தி அடித்தார். ஆணையின்றிப் படையிறக்காதே என்ற எச்சரிக்கையும் அதே தந்தியில் இருந்தது! சிகாகோவில் கூடிய குடியரசுக் கட்சி மாநாட்டில் முழக்கம் படிக்கப்பட்டது. கையொலி கூரையைப் பிளந்தது. அதற்கு முன்பே ரெய்சூலியின் நிபந்தனைகளுக்குச் சுல்தான் தலையசைத்துவிட்டார். முதியவரை மீட்டது பீரங்கியன்று. 70,000 டாலர் பணம். கொடுத்தது யார்? முழங்கிய அமெரிக்கா அன்று. கடனில் மூழ்கிய மொராக்கோ!

விளைவென்ன? கொள்ளைக்குக் கூலி கிடைத்தது; ரெய்சூலிக்குப் பதவியும் கிடைத்தது. 1907இல் அவன் சுல்தானின் படைப்பயிற்றுநர் மக்லீன் என்ற பிரிட்டிஷாரைக் கடத்தினான். மீண்டும் பணம்! 1912இல் பிரான்சும் ஸ்பெயினும் மொராக்கோவைத் தம் ‘பாதுகாப்பில்’ எடுத்துக்கொண்டன. பாதுகாப்பு என்னும் சொல்லுக்குத்தான் எத்தனை வேடங்கள்!

அயல்மண்ணில் வாழ்வோனுக்கு உண்மைக் காவல், அம்மண்ணில் நிலவும் சட்டமும் ஒழுங்குமே. அவ்வாட்சியை மிரட்டி, வறுமையாக்கி, வலுவிழக்கச் செய்துவிட்டு, கொள்ளையன் பெருகினான் எனக் குமுறுவது, வேலியைப் பிடுங்கியவன் ஆடு மேய்ந்ததென்று அழுவதற்கு ஒப்பாகும். படம் இதைச் சொல்லியிருந்தால் கலைக்கும் குறைவில்லை, உண்மைக்கும் குறைவில்லை.

படத்தைப் பாருங்கள், நடிப்பைச் சுவையுங்கள். கைதட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த முழக்கம் காத்தது குடிமகனையா, நாற்காலியையா?