கரை தெரியாத தண்ணீர்

முகத்துவாரக்குப்பத்தில் எங்கள் வீட்டிலிருந்து சற்று நடந்தால் இரண்டு தண்ணீரையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். ஒரு பக்கம் கொசஸ்தலையாறு. இறால் தடவுகிறவர்கள் இடுப்பளவு நீரில் நிற்பார்கள். அக்கரை தெரியும், அதற்குப் பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். மறுபக்கம் கடல். அங்கே அக்கரை கிடையாது.

அத்தையின் கணவர் கட்டுமரத்தில் தனியாகப் போய்த் திரும்பாதபோது நான் ஆறாம் வகுப்பு. மூன்றாம் நாள் கட்டுமரம் மட்டும் வடக்கே பழவேற்காட்டுப் பக்கம் ஒதுங்கியது. மாமாவின் உடல் கிடைக்கவே இல்லை. உடல் இல்லாததால் சாவு இல்லை, பதினாறாம் நாள் காரியமும் இல்லை. அத்தை தாலியைக் கழற்றவில்லை. கழற்றச் சொல்லும் துணிவு யாருக்கும் வரவில்லை. "பொட்டு வெச்சா ஒருத்தி கேக்கறா, வெக்காட்டி ஒருத்தி கேக்கறா. நா இன்னா அண்ணி பண்றது?" என்று ஒருநாள் மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு என் அம்மாவிடம் கேட்டாள்.

அவள் நிலைக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டா என்று வெகுகாலம் தேடினேன். விதவை, கைம்பெண், வாழாவெட்டி எதுவும் பொருந்தவில்லை. முதுகலை படிக்கும்போது யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவைப் பற்றிய வாசிப்பில் அந்தப் பெயர் கிடைத்தது: அகுனா. கட்டப்பட்டவள். கணவன் உயிரோடில்லை என்று உறுதியாகாததால், அல்லது அவன் விலக்குச் சீட்டுத் தராததால், மணவாழ்வும் இல்லாமல் மறுமணமும் இல்லாமல் நிற்பவள். எபிரேயத்தில் நங்கூரத்துக்கு 'ஓகென்' என்று பெயர். அதற்கும் இதற்கும் அதே மூன்று மெய்யெழுத்துகள். படகுக்கு நங்கூரம் வேண்டும்தான். ஆனால் அதைப் போடவும் எடுக்கவும் படகில் ஆள் இருக்க வேண்டும்.

மிஷ்னா ஏறக்குறைய கி.பி. 200இல் தொகுக்கப்பட்டது. அதன் ஆறு பெரும் பகுதிகளில் ஒன்றின் பெயரே 'பெண்கள்'. ஆண்கள் என்று தனிப்பகுதி இல்லை; மற்ற ஐந்தும் அவர்களுடையவைதானே. இந்தப் பெண்கள் பகுதியில் யெவமோத் என்ற நூலின் கடைசி இரண்டு அதிகாரங்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். அவற்றைப் பற்றிய தல்மூத் விவாதத்தில் ஒரு விதி வருகிறது. ஒருவன் தண்ணீரில் விழுந்து காணாமல் போனான். அந்தத் தண்ணீருக்கு எல்லை உண்டென்றால், அதாவது நாற்புறமும் கரை தெரிந்தால், அவன் மனைவி மறுமணம் செய்யலாம். எல்லையில்லாத் தண்ணீர் என்றால் கூடாது. எங்கோ கரையேறியிருக்கலாம் அல்லவா? கடலில் இறக்கிவிடப்பட்ட ஒருவனின் கால் மட்டும் மேலே வந்த வழக்கும் அங்கே பேசப்படுகிறது. முழங்காலுக்கு மேலிருந்து வந்திருந்தால் அவள் விடுபட்டாள். முழங்காலுக்குக் கீழே மட்டும் என்றால் அவன் பிழைத்திருக்கக்கூடும், அவள் காத்திருக்க வேண்டும்.

முதன்முறை இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு முகத்துவாரத்தை நினைத்துக்கொண்டேன். மாமா ஆற்றில் விழுந்திருந்தால் அத்தை விதவை. மணல் திட்டைத் தாண்டிச் சில நூறு அடி போனதால் அவள் அகுனா.

தல்மூத் இந்த விதிக்கு ஆதாரமாக ஒரு கதை சொல்கிறது. கப்பலில் போய்க்கொண்டிருந்த ரபான் கமாலியேல் இன்னொரு கப்பல் உடைவதைப் பார்க்கிறார். அதில் இருந்த பேரறிஞர் அகிவாவுக்காகத் துக்கப்படுகிறார். கரை இறங்கினால் அதே அகிவா வந்து எதிரில் உட்கார்ந்து சட்டம் பேசுகிறார். எப்படிப் பிழைத்தாய்? கப்பல் பலகை ஒன்று கையில் கிடைத்தது. வந்த ஒவ்வொரு அலைக்கும் தலையைக் குனிந்துகொடுத்தேன். கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புராணமில்லை, கடலறிவு. அலையை எதிர்க்காதே, தலையைக் கொடு என்றுதான் எங்கள் பையன்களுக்கும் சொல்வார்கள்.

ஆனால் கதை முடியும் இடத்தைக் கவனியுங்கள். நண்பன் பிழைத்ததைக் கண்ட கமாலியேல் அந்த விதியை வகுத்த முன்னோரின் பெருமையை வியக்கிறார். எல்லையில்லாத் தண்ணீரிலிருந்து ஆள் வரக்கூடும் என்று எவ்வளவு சரியாகச் சொன்னார்கள்! அகிவாவைப் போல இன்னொரு ரப்பி பிழைத்த கதையும் பக்கத்திலேயே இருக்கிறது. இவை உயிர் பிழைத்த ஆண்களின் கதைகள். அவை வைக்கப்பட்டிருக்கும் இடமோ திரும்பாத ஆண்களின் மனைவியரைப் பற்றிய சட்டம். ஒருவன் பலகையைப் பிடித்துக் கரையேறினால், ஆயிரம் பெண்களின் பூட்டுக்கு அது சாட்சியாகிறது.

எங்களிடமும் இந்தக் கதைகள் உண்டு. 2020இல் காசிமேட்டிலிருந்து போன விசைப்படகு ஒன்று இயந்திரம் பழுதாகி, ஐம்பது நாளுக்கு மேல் மிதந்து மியான்மரில் கரை சேர்ந்தது. அந்தச் செய்தி வந்த அன்று அத்தை தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து திரும்பிவந்தவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா போய் எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பிரசங்கம் கேட்டு வளர்ந்த தோழிகள் பலர் யூதச் சட்டம் என்றாலே கல்நெஞ்சம் என்று நினைக்கிறார்கள். படித்துப் பார்த்தால் அப்படியில்லை. மற்ற வழக்குகளில் இரண்டு ஆண் சாட்சிகள் வேண்டும் என்கிற அதே ரப்பிகள், கணவன் இறந்தான் என்பதற்கு மட்டும் ஒரே சாட்சி போதும் என்றார்கள். செவிவழிச் செய்தி போதும், அடிமைப்பெண் சொன்னாலும் போதும், மனைவியே வந்து சொன்னாலும் போதும். தெல் அர்சாவில் கொல்லப்பட்டவர்களின் மனைவியரை மூத்த கமாலியேல் ஒரே சாட்சியை வைத்து விடுவித்தார். நமது விவிலியத்தில் பவுலின் ஆசானாக வருகிறவர் இவர்தான். பெண்கள் கட்டுண்டு கிடக்கக்கூடாது என்ற பதைப்பு அந்தப் பக்கங்களில் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் சாட்சியத்தைத்தான் தளர்த்தினார்கள். ஒருத்தியின் வாழ்வு எதற்காக ஒருவனின் சாவைப் பற்றிய சாட்சியத்தில் தொங்க வேண்டும் என்ற கேள்வி அங்கே எழவேயில்லை.

தளர்த்தியதிலும் ஒரு விலக்கு வைத்தார்கள். ஐந்து பெண்களின் சாட்சி செல்லாது: மாமியார், நாத்தனார், சக்களத்தி, ஓரகத்தி, கணவனின் மகள். பட்டியலை மொழிபெயர்க்க நான் சிரமப்படவே இல்லை, ஐந்துக்கும் தமிழில் பெயர் தயாராக இருந்தது. இவர்கள் அவளை வெறுப்பவர்களாம். புருஷன் செத்தான் என்று பொய் சொல்லி மறுமணம் செய்யவைத்து, அவன் திரும்பி வரும்போது அவளைச் சிக்கவைப்பார்களாம். சிக்கல் சாதாரணமானது அல்ல. முதல் கணவன் வந்துவிட்டால் அவள் இருவரையும் இழப்பாள், இடையில் பிறந்த குழந்தைக்குச் சமூகத்தில் மணவுரிமை போகும். தொலைக்காட்சித் தொடர் எழுதுகிறவர்கள் ரப்பிகளிடம் பாடம் கேட்டிருப்பார்களோ என்று தோன்றியது.

அத்தைக்காகக் காவல் நிலையத்துக்கும் அலுவலகங்களுக்கும் அலைந்தது அவள் நாத்தனார். மாமாவின் சொந்தத் தங்கை. ஏலம் முடிந்து, உப்பும் செதிலும் ஒட்டிய சேலையோடு போய் வரிசையில் நின்றவள் அவள்தான்.

விவிலியத்தில் 'அகுனா'வின் வேர்ச்சொல் ஒரே ஓரிடத்தில் வருகிறது. ரூத் ஆகமம், முதல் அதிகாரம். அதைப் பேசுகிறவள் நகோமி, ஒரு மாமியார். தன் இரு மகன்களும் இறந்தபின் மருமகள்களிடம் சொல்கிறாள்: எனக்கு இனி மகன் பிறந்து அவன் வளரும்வரை நீங்கள் உங்களைக் கட்டிப்போட்டுக்கொள்வீர்களா? போங்கள். கட்டுக்கான வினைச்சொல்லை வேதம் முதலும் கடைசியுமாக ஒரு மாமியாரின் வாயில் வைத்து, கட்டை அவிழ்க்கச் சொல்கிறது. மிஷ்னா அதே மாமியாரைச் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கிவிடுகிறது.

கட்டுண்டவளை இலக்கியமும் எடுத்துக்கொண்டது. யூதா லேப் கோர்தோன் 1870களில் எபிரேயத்தில் எழுதிய நெடும்பாடலில் பாத்-சுவா என்றொரு பெண் வருகிறாள். கணவன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய விலக்குச் சீட்டில் அவன் பெயரில் 'யோத்' என்ற சின்னஞ்சிறு எழுத்து விடுபட்டிருக்கிறது. ரப்பி செல்லாது என்கிறார். கணவன் போன கப்பல் மூழ்குகிறது. மீண்டும் எல்லையில்லாத் தண்ணீர். அவள் கடைசியில் ரயில் நிலையத்தில் ஏதோ விற்றுப் பிழைக்கிறாள். பிரச்சாரம் என்று சொல்லி இந்தப் பாடலைத் தாழ்த்துவது எளிது. எனக்கு அந்த ரயில் நிலையம் போதும். அவள் என்ன விற்றாள், எப்படிப் பிழைத்தாள் என்று ஒரு ஆண் கவிஞன் யோசித்திருக்கிறான்.

1966இல் நோபல் பரிசு பெற்ற அக்னோனைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. அவர் பெயர் சாஸ்கெஸ். 1908இல் எழுதிய 'அகுனோத்' என்ற கதையிலிருந்து தனக்கு அக்னோன் என்று பெயர் சூட்டிக்கொண்டார். அழகான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் கட்டுண்டிருப்பவை ஆன்மாக்கள். ஆண், பெண் எல்லோருமே துணை தவறித் தவிப்பவர்கள். சட்டம் பெண்ணின் காலில் மட்டும் போட்ட கயிறு அங்கே மனித நிலையின் உருவகமாகிவிடுகிறது. எழுத்தாளர் அதைப் பெயராக அணிந்துகொள்கிறார். என் அத்தை அந்தப் பெயரைக் கழற்ற ஏழு வருடம் வரிசையில் நின்றாள்.

ஏழு என்பது நம்முடைய எண். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், 108ஆம் பிரிவு: ஏழாண்டு செய்தி இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம். 2024 ஜூலையில் புதிய சட்டம் வந்தபோதும் இந்த ஏழு மாறவில்லை. 2017 ஒக்கிப் புயலில் கன்னியாகுமரிப் பக்கம் ஏராளமானோர் காணாமல்போனபோது, பெண்கள் தெருவில் இறங்கிய பிறகு, அரசு இந்தக் காத்திருப்பைத் தளர்த்தியது. தனியாகக் கட்டுமரத்தில் போனவனின் மனைவிக்குத் தெருவில் இறங்க யார் வருவார்கள்? யூத உலகிலும் இன்றைய அகுனாக்களில் பெரும்பாலோர் கடலால் கட்டுண்டவர்கள் இல்லை. கணவன் உயிரோடு, பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறான். விலக்குச் சீட்டைத் தர மறுக்கிறான். இஸ்ரேலில் 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி யூதர்களின் மணமும் விலக்கும் ரப்பிகளின் நீதிமன்றத்திடம்தான் இருக்கின்றன. சீட்டுக்குப் பதிலாக அவன் பணம் கேட்கலாம், பிள்ளையைக் கேட்கலாம்.

அத்தைக்குச் சான்றிதழ் வந்த நாளில் நாத்தனார்தான் அதைப் படித்துக்காட்டினாள். இறந்த தேதி என்ற கட்டத்தில் மாமா கடலுக்குப் போன நாள் இல்லை. ஏழு வருடம் முடிந்து தீர்ப்பு வந்த நாள் இருந்தது. அத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"அப்போ இந்த ஏழு வருசமும் உங்க அண்ணன் உயிரோட எங்க இருந்தாராம்?"