டபராவிலிருந்து பிளாஸ்டிக் பை வரை: சிங்கப்பூரின் காப்பி, தே மரபுகள்

சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் வாசலிலிருந்து புறப்பட்டு, ஜாலான் புசாரைக் கடந்து டிர்விட் சாலை வரை நடந்தால் இருபது நிமிடம் ஆகும். அதற்குள் காப்பியைப் பற்றி ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மூன்று கொள்கைகளைத் தாண்டிவிடலாம். 1947ல் தொடங்கிய கோமள விலாஸில் டிகாஷனும் பாலும் கலந்து டம்ளர் டபராவில் நுரையோடு வரும். வழியில் உள்ள ஏதாவதொரு சீனர் காப்பிக் கடைக்குள் நுழைந்தால், துணிப்பையில் வடித்த கறுப்புக் கோப்பி, அடியில் டின் பாலோடு தடித்த பீங்கான் கோப்பையில் வரும். டிர்விட் சாலையில் இரும்புச் சாமான் கடைபோலப் பெயர் வைத்துக்கொண்டு 2012ல் திறந்த ‘சை செங் ஹுவாட் ஹார்ட்வேர்’ கடையில் பேச்சு கொட்டையிலிருந்தே தொடங்கும்: எந்த நாடு, எந்தத் தோட்டம், எப்படி வறுத்தது.

மூன்று இடத்திலும் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டால், மற்ற இரண்டும் காப்பியே இல்லை என்பார்கள். பில்டர் காப்பிக்காரருக்குக் கோப்பி வெறும் கருகல். கோப்பிக்காரருக்குப் பில்டர் காப்பியில் பால்தான் தெரிகிறது, காப்பி தெரியவில்லை. புதிய கடைக்காரர்களுக்கு இரண்டுமே சர்க்கரையில் மூழ்கியவை. இந்தப் பேச்சை வறட்டு வீம்பு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அந்த வீம்புக்குள் ஒவ்வொரு மரபுக்கும் உரிய கறாரான தரம் ஒன்று இருக்கிறது. அந்தத் தரம் எப்படி வந்தது என்று தெரியாமல், ஒரு மரபின் அளவுகோலை எடுத்து இன்னொன்றை அளக்கும்போதுதான் ருசி திமிராகிறது.

இந்த மரபுகள் பிரிந்ததில் ஒரு பூஞ்சைக்குப் பெரிய பங்கு உண்டு. 1869ல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தென்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்கள் காடு வெட்டி உருவாக்கிய தோட்டங்கள் அடுத்த இருபது ஆண்டுகளில் அழிந்தன. ஜேம்ஸ் டெய்லர் 1867லேயே லூல்கந்துரவில் பயிரிட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதே நோய் ஜாவாவையும் தாக்கியது. அங்கே 1900ஐ ஒட்டி, நோயைத் தாங்கும் ரொபஸ்டா செடியைக் கொண்டுவந்து நட்டார்கள். கூர்க், சிக்மகளூர், சேர்வராயன் போன்ற தென்னிந்திய மலைகளில், நோய்க்குத் தாக்குப்பிடித்த ரகங்களின் துணையோடு அராபிகா நீடித்தது. தமிழ்நாட்டு டிகாஷனுக்கு அராபிகா, சிங்கப்பூர்க் கோப்பிக்கு இந்தோனேசிய ரொபஸ்டா, மலிவான தேயிலைத் தூள் எல்லோருக்கும் என்று கணக்குப் பிரிந்தது இப்படித்தான். குடித்தவர்கள் தேர்ந்தெடுத்து வந்த பிரிவினை அல்ல இது. எது கைக்கு எட்டியதோ அதிலிருந்து ஒரு ருசியை உண்டாக்கிக்கொண்டார்கள்.

பில்டர் காப்பியின் பெருமை தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தது. ஆ. இரா. வேங்கடாசலபதி தம் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ ஆய்வில் காட்டியபடி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமானது. தேநீர் உழைப்பாளிகளின் பானமாக ஒதுங்கியது. காப்பி கிளப் என்றால் ஒரு மதிப்பு, டீக்கடை என்றால் இன்னொன்று. அந்த மதிப்புக்குள் சாதியும் உட்கார்ந்திருந்தது. 1957ல் சென்னை முரளி கபேயின் பெயர்ப் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது. பில்டர் காப்பியை உயர்வாகப் பேசுகிறவர்கள் இந்த வரலாற்றை மறக்கக் கூடாது. அதன் ருசி உண்மை. அதன் உயர்வு மட்டும் ருசியால் வந்ததல்ல.

சிங்கப்பூரில் இந்த மரபைச் சைவ உணவகங்கள் காத்தன. ஆனந்த பவன் 1924லிருந்து இருக்கிறது. கோமள விலாஸுக்கு எவ்வளவு மரியாதை என்பதற்கு ஒரு சான்று போதும்: 2015 நவம்பரில் இந்தியப் பிரதமர் மோடி வந்தபோது, அப்போதைய சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங் அவரை இரவு உணவுக்கு அழைத்துப்போனது சிராங்கூன் சாலையில் உள்ள இந்தக் கடைக்குத்தான்.

பில்டர் காப்பி மரபை ஒரு பள்ளி என்றால், அதற்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. சிக்கரி கூடவே கூடாது என்பவர்கள் ஒரு பக்கம். சிக்கரி இல்லாவிட்டால் டிகாஷன் நீர்த்துப்போகும் என்பவர்கள் மறுபக்கம். சிக்கரி என்பது ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்தது. காப்பி விலையேறிய காலங்களில் ஐரோப்பாவில் பழக்கமானது. இந்திய உணவு விதிப்படி காப்பி சிக்கரிக் கலவையில் குறைந்தது 51 விழுக்காடு காப்பி இருக்க வேண்டும். அந்த எல்லையை ஒட்டிக் கலக்கும் மலிவுத் தூளை வைத்துக்கொண்டு சிக்கரியையே குறை சொல்வது நியாயமல்ல. ஐந்தில் ஒரு பங்கு அளவில் சேரும்போது அது கசப்புக்கு ஒரு கனத்தைத் தருகிறது, பாலுக்கு எதிரே நிற்கும் நிறத்தையும் தருகிறது. அதற்கு மேல் போனால் நாக்கில் ஒரு இனிப்பான பிசுபிசுப்பு தங்கிவிடும்.

சிங்கப்பூரில் இந்த மரபின் உண்மையான சிக்கல் தூளில் இல்லை, பாலில் இருக்கிறது. ஒரு காலத்தில் சிராங்கூன் சாலை வட்டாரமே மாடுகளால் ஆனது. பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் அந்தக் காலத்து மாட்டுத் தொழிலின் நினைவு. தமிழ்ப் பால்காரர்கள் வீடு வீடாகக் கறந்த பால் ஊற்றினார்கள். மாடுகள் நகரத்தை விட்டுப் போன பிறகு, குளிரூட்டிய பொட்டலப் பால்தான் கிடைக்கிறது. அதில் கொழுப்பைப் பொடித்துச் சமமாகக் கலந்துவிடுவதால் ஆடை சரியாகக் கட்டுவதில்லை. ஆற்றும்போது எழும் நுரையும் பழைய நுரை அல்ல. நல்ல கடைகள் பாலைக் கூடுதலாகக் காய்ச்சிச் சுண்டவைத்து இதை ஈடுகட்டுகின்றன. காலையில் இறக்கிய டிகாஷனை மத்தியானம் சூடுபடுத்திக் கொடுக்கும் கடைகள் எதையும் ஈடுகட்டுவதில்லை.

கோப்பிப் பள்ளிக்குப் பால் சிக்கல் தொடக்கத்திலேயே இருந்தது; அதனால்தான் டின் பால். ஹைனான் தீவிலிருந்து தாமதமாக வந்து சேர்ந்த சீனர்களுக்கு, ஹொக்கியன், தியோச்சூ மக்கள் ஏற்கெனவே பிடித்துக்கொண்ட தொழில்களில் இடமில்லை. பிரிட்டிஷ் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையல்காரர்களாக வேலை பார்த்தவர்கள், பிறகு காப்பிக் கடை போட்டார்கள். கில்லினி சாலைக் கடை 1919லிருந்து இருக்கிறது. ஹைனானிலிருந்து 1926ல் வந்த லோய் ஆ கூன் தொடங்கிய யா குன் தன் வயதை 1944லிருந்து எண்ணுகிறது.

ரொபஸ்டாவில் அராபிகாவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு காஃபீன் இருக்கும், கசப்பும் கூடுதல். அந்தக் குறையை இவர்கள் வறுவலில் சரிசெய்தார்கள். கொட்டையோடு சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து, சர்க்கரை பாகாகிக் கறுத்துக் கொட்டை மேல் பூச்சாகப் படியும்வரை வறுத்தார்கள். அந்தப் பூச்சுதான் கோப்பியின் கறுப்பு, மணம், நாக்கில் நிற்கும் கனம். இதை அராபிகாவின் பழவாசத்தோடு ஒப்பிட்டுக் ‘கருகல்’ என்று தீர்ப்புச் சொல்வது, கேள்வியையே தவறாகக் கேட்பது. கோப்பியைச் சோதிக்க அதற்கே உரிய கேள்விகள் உண்டு. நீண்ட மூக்குள்ள பாத்திரங்களுக்கு இடையே துணிப்பை எத்தனை முறை மாறியது? கோப்பையை வெந்நீரில் வைத்திருந்தார்களா? பால் அடியில் கெட்டியாக இருக்க, மேலே ஊற்றிய சாறு கலங்கலில்லாமல் நின்றதா? கரண்டியால் கலக்கியபோது நிறம் செங்கல் நிறத்துக்கு வந்ததா, அல்லது சாம்பல் பூத்ததா?

இந்தப் பள்ளிக்கு ஒரு முழு மொழியே உண்டு. சிராங்கூன் சாலைப் பக்கத்துத் தேக்காவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் அதை யோசிக்காமல் பேசுவார்கள். கோப்பி என்றால் டின் பாலும் இனிப்பும். ஓ என்றால் பால் கிடையாது. சி என்றால் சர்க்கரையில்லாத டின் பால். கோசோங் என்றால் இனிப்பே வேண்டாம், சியூ தாய் என்றால் இனிப்புக் குறைவு, காவ் என்றால் கெட்டி, போ என்றால் இலேசு, பெங் என்றால் ஐஸ். ஹொக்கியனும் மலாயும் பிற சீன வழக்குகளும் கலந்த இந்தச் சொற்களை அடுக்கி, “அங்கிள், கோப்பி சி கோசோங் காவ்” என்று ஒருவர் சொன்னால், எதிரே நிற்பவர் மறுபேச்சில்லாமல் கலந்து தருவார். மணிக்கு நூறு கோப்பை போடும் இடத்திலும் தனித்தனி ருசிக்கு மதிப்புக் கொடுக்கும் ஏற்பாடு இது. ஒன்றரை வெள்ளி அளவிலான பானத்துக்கு இத்தனை நுணுக்கமான தேர்வு தரும் ஊர்கள் அதிகமில்லை.

பழைய கடைகளில் முதியவர்கள் கோப்பியைத் தட்டில் ஊற்றி ஆற்றிக் குடிப்பார்கள். டபராவில் ஆற்றிக் குடிக்கும் தமிழருக்கு அதைப் பார்த்துச் சிரிக்க எந்த உரிமையும் இல்லை.

தே என்னும் தேநீர்ப் பள்ளி தமிழ் முஸ்லிம்களுடையது. கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இஞ்சிப் பானம் விற்ற சர்பத் கடைகள் ஒரு காலத்தில் வாட்டர்லூ ஸ்திரீட்டில் பேர்போனவையாக இருந்தன. கம்போங் கிளாமில் பாக்தாத் ஸ்திரீட் சர்பத் கடை முன்னால் இன்றும் கூட்டம் நிற்கிறது. இந்தக் கடைகளில் இழுத்து ஆற்றித் தரும் தே தாரிக்கின் மூலப்பொருள்கள் எல்லாமே மலிவானவை: தேயிலைத் தூள், கெட்டிப்பால், வெந்நீர். 1930ல் அசாமில் உருவான சிடிசி இயந்திரம் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டி மணிமணியாக்கியது. சாயம் விரைவாக இறங்கும் தேயிலை சாதாரணக் கடைகளுக்கும் தாராளமாகக் கிடைக்க அது வழிசெய்தது.

கைவேலையைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். பாய் துணிப்பையைத் தூக்கி வெந்நீரை அதன் வழியே விடுகிறார். சாயம் கறுஞ்சிவப்பாக இறங்குகிறது. குவளையில் கெட்டிப்பாலைச் சரித்து, சாயத்தை ஊற்றி, கரண்டியை அடிவரை விட்டு நாலு சுற்றுச் சுற்றுகிறார். பிறகு ஒரு கை மேலே, ஒரு கை கீழே. மேல் குவளையைச் சட்டென்று கவிழ்ப்பதில்லை. விளிம்பில் ஒரு விரல் அகல ஒழுக்கு மட்டும் விடுகிறார். கீழ்க் குவளையை அதற்கேற்ப மெல்ல இறக்குகிறார். மூன்று நான்கு முறை மாறியபின் கடைசி ஊற்றலில் நுரையைத் தனியே மேலே விழவிடுகிறார். சுற்றுலாப் பயணிகள் கைபேசியில் பிடிப்பது உயரத்தை. உயரத்தால் ருசி கூடுவதில்லை. ஒழுக்கு அறுபடாமல் வந்ததா, நுரை ஊசிக்கண் அளவுக்குப் பொடியாக இருக்கிறதா, குவளையை உதட்டில் வைத்ததும் குடிக்கும் சூட்டில் இருக்கிறதா என்பவைதான் தரம். பெரிய குமிழிகளோடு வந்தால் அது அவசரத்தில் இழுத்த தே.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சிராங்கூன் சாலையில் கூடும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்கு இன்னொரு தரம் இருக்கிறது. ஊர்ப் பாய்லர் டீ, காய்ச்சிய பால், கண்ணாடி டம்ளர், “ஸ்ட்ராங்கா, சக்கரை கம்மியா”. டின் பாலின் இனிப்பு அவர்களுக்குத் திகட்டுகிறது. இங்கேயே பிறந்தவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பதுண்டு. வாரம் முழுக்கக் கட்டுமானத் தளத்தில் வெயிலில் நின்றவருக்கு ஒரு கிளாஸ் டீயைப் பற்றி உறுதியான கருத்து இருப்பதில் சுளிப்பதற்கு என்ன இருக்கிறது? அவர்களால்தான் தேக்காவைச் சுற்றிப் பாலைக் காய்ச்சி டீ போடும் கடைகள் பெருகின. அது இந்த வட்டாரத்துக்கு லாபம்.

புதிய காப்பிப் பள்ளியைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 1996 டிசம்பரில் ஆர்ச்சர்ட் லியாட் டவர்ஸில் ஸ்டார்பக்ஸ் வந்தது. அதற்கு அடுத்த தலைமுறை ஜாலான் புசார் பக்கம் சொந்தமாக வறுக்கத் தொடங்கியது. இவர்களிடமிருந்து மற்றவர்கள் கற்க வேண்டியது ஒன்று உண்டு: கொட்டை எப்போது வறுத்தது என்று தேதி போட்டு விற்பது.

அண்மையில் முளைத்த மேட்டிமை சர்க்கரையைப் பற்றியது. 2016ல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. நியூட்ரி கிரேட் முத்திரை 2022 டிசம்பர் 30 முதல் அடைத்து விற்கும் பானங்களுக்கும், சரியாக ஓராண்டு கழித்துக் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் வந்தது. நூறு மில்லிலிட்டருக்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் ‘டி’ தரம். கெட்டிப்பாலில் எடைக்கு ஏறத்தாழ பாதி சர்க்கரைதான் என்பதால், இந்த எச்சரிக்கை அவசியமானது. ஆனால் கோசோங் கேட்பவர் அறிவாளி, டின் பாலோடு கேட்பவர் அறியாதவர் என்ற பார்வை வளர்ந்திருப்பது அவசியமில்லாதது. உடம்புக்கு ஆகாது என்பதும் ருசி கெட்டது என்பதும் இரண்டு தனித்தனிச் செய்திகள். சியூ தாய் கேட்டுக் குறைத்துக்கொள்ள வழி இந்த மரபுக்குள்ளேயே இருக்கிறது.

2020 டிசம்பரில் யுனெஸ்கோ சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. கைவேலைக்குக் கிடைத்த அந்த மதிப்பு கோப்பைக்குள்ளும் தெரிய வேண்டும். பல கடைகளில் பொத்தானை அழுத்தினால் கோப்பி வரும் இயந்திரங்கள் வந்துவிட்டன. வயதான தோள்களுக்கு அவை உதவி. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் சாயம் நீர்த்துப் போனாலும் வாடிக்கையாளர் பேசாமல் வாங்கிப் போவது வேறு. ஆறு வெள்ளிக் காப்பி சரியில்லை என்றால் திருப்பிக் கொடுப்பவர், ஒன்றரை வெள்ளிக் கோப்பிக்கு ‘இந்த விலைக்கு இது போதும்’ என்று விட்டுவிடுகிறார். அதுதான் இருப்பதிலேயே மோசமான மேட்டிமை, ஏனென்றால் கலந்து கொடுப்பவரின் திறமையையே அது கணக்கில் எடுப்பதில்லை.

கட்டிக்கொண்டு போவதிலும் அந்தத் திறமையைப் பார்க்கலாம். முன்பு காலியான பால் டின்னில் கயிறு கட்டி ஊற்றிக் கொடுத்தார்கள்; பிறகு பிளாஸ்டிக் பையும் உறிஞ்சுகுழலும் வந்தன. பையில் ஊற்றிய தே தாரிக்கில் நுரை நிற்காது. தெரிந்த கடைக்காரர் அதற்கு இழுப்பைக் குறைத்துச் சாயத்தைக் கூட்டிவிடுவார். பில்டர் காப்பியைப் பையில் கேட்பவர்களிடம் “உட்கார்ந்து குடித்துவிட்டுப் போங்கள்” என்று சொல்லும் கடைக்காரர்களும் உண்டு. அவர்கள் சொல்வதைக் கேட்பது நல்லது.