உயிர்ப்பு, நிலைவாழ்வு, எதிர்நோக்கு: தமிழ் விவிலியத்தில் ஈஸ்டர்ச் சொற்களின் பொருண்மை

1. முன்னுரை

கிறித்தவ சமயம் தன் மையச் செய்தியை ஈஸ்டர்த் திருநாளில் அறிவிக்கிறது. சிலுவையில் இறந்து அடக்கம் செய்யப்பட்ட இயேசு மூன்றாம் நாள் உயிர்பெற்று எழுந்தார் என்பதும், அதனால் அவரைச் சார்ந்தோருக்கும் இறப்பு இறுதி முடிவன்று என்பதும் அச்செய்தியின் இரு கூறுகள். முதற்கூறு நடந்து முடிந்த நிகழ்ச்சியைப் பற்றியது. இரண்டாம் கூறு இனி நிகழவிருப்பதைப் பற்றியது. இவ்விரண்டையும் இணைக்கும் மனநிலையைப் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் 'எல்பிஸ்' என்னும் சொல்லால் குறிக்கிறது.

இச்செய்தியைத் தமிழில் சொல்ல மூன்று சொற்கள் இன்றியமையாதவை. எழுதலைக் குறிக்கும் சொல், முடிவில்லா வாழ்வைக் குறிக்கும் சொல், அவ்வாழ்வை நோக்கிய மனநிலையைக் குறிக்கும் சொல் என்பன அவை. தரங்கம்பாடியில் 1715இல் சீகன்பால்கின் புதிய ஏற்பாடு அச்சேறி வெளிவந்தது முதல் இச்சொற்கள் பலமுறை மாறிவந்துள்ளன. அவற்றுள் இன்று வழக்கில் வலுவாக நிற்கும் இரு மொழிபெயர்ப்புகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. ஒன்று, ஹென்றி பவர் தலைமையிலான குழுவினரால் திருத்தப்பட்டு 1871இல் முழுமையாக வெளிவந்ததும், சீர்திருத்தச் சபைகள் பெரிதும் போற்றுவதுமான பழைய மொழிபெயர்ப்பு. மற்றொன்று, கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளியிட்ட திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பு. பொது மொழிபெயர்ப்பு முதலிரு சொற்களில் மூலத்தை நெருங்கியுள்ளது. மூன்றாம் சொல்லில் ஒரு சிக்கலைத் தோற்றுவித்துள்ளது. இதுவே இங்கு நிறுவப்பெறும் கருத்து.

2. எழுந்தாரா, எழுப்பப்பட்டாரா?

உயிர்த்தெழுதலைக் குறிக்கக் கிரேக்கத்தில் இரு வினைகள் உள்ளன. 'அனிஸ்தேமி' என்பது எழுந்து நிற்றலைக் குறிக்கும். 'அனஸ்தாசிஸ்' என்னும் பெயர் இதனடியாகப் பிறந்தது. 'எகெய்ரோ' என்பது உறங்குபவரை எழுப்புதலைக் குறிக்கும். இரண்டும் அன்றாட வழக்குச் சொற்களே. படுத்தவர் எழுவதும் உறங்கியவரை எழுப்புவதும் எந்த வீட்டிலும் நிகழ்பவை. இவற்றில் 'உயிர்' என்னும் பொருட்கூறு வெளிப்படையாக இல்லை.

தமிழோ அப்பொருட்கூறை வெளிப்படையாகச் சேர்த்துக்கொண்டது. 'உயிர்த்தல்' என்பதற்குப் பழந்தமிழில் மூச்சுவிடுதல் என்பது பொருள். எனவே 'உயிர்த்தெழுதல்' என்பது மீண்டும் மூச்சுப் பெற்று எழுதல் என விரியும். கத்தோலிக்கரின் பழைய செபங்களில் வழங்கிய 'உத்தானம்' என்னும் வடசொல் எழுதலை மட்டுமே குறித்தது. அவ்வகையில் அது மூலத்திற்கு நெருக்கமானது. ஆயினும் பொதுமக்கள் வழக்கில் வேரூன்றாமையால் வீழ்ந்தது. 'உயிர்த்தெழுதல்' நிலைபெற்றதற்கு வேறொரு காரணமும் கூறலாம். மறுபிறவி, வீடுபேறு ஆகிய கருத்துகள் ஆழப் பதிந்துள்ள மொழியில், இறந்த அவரே, அதே ஆளாக, உடலோடு எழுந்தார் என்று வேறுபடுத்திச் சொல்லவேண்டிய தேவை இருந்தது. 'எழு' என்னும் வினை அவ்வேறுபாட்டைக் காத்தது. மறுபிறவி எடுப்பவர் பிறக்கிறார், எழுவதில்லை.

வினையின் பாங்கு அடுத்த சிக்கலாகும். மாற்கு 16:6இல் கல்லறையில் பெண்கள் கேட்கும் செய்தி 'எகெர்தே' என்னும் ஒற்றைச் சொல்லாக அமைகிறது. இது வடிவத்தால் செயப்பாட்டுவினை. பழைய மொழிபெயர்ப்பு இதனைத் தன்வினையாக்கி 'உயிர்த்தெழுந்தார்' என்றது. பொது மொழிபெயர்ப்பு 'எழுப்பப்பட்டார்' என்று செயப்பாட்டுவினையாகவே தருகிறது. எழுப்பியவர் கடவுள் என்பது சொல்லப்படாமலே பெறப்படுகிறது. உரோமையர் 10:9இல் கடவுளே எழுவாயாக வெளிப்படையாக நிற்பதால் பழைய மொழிபெயர்ப்பும் அங்கு 'எழுப்பினார்' என்றே கூறுகிறது.

வடிவம் ஒன்றே இதனைத் தீர்த்துவிடாது. மாற்கு 2:12இல் நலம்பெற்ற முடக்குவாதக்காரர் எழுந்ததைச் சொல்லவும் இதே 'எகெர்தே' வருகிறது. அங்கு அதனை எழுந்தார் என்று கொள்வதே இயல்பு. ஆகவே பொது மொழிபெயர்ப்பின் செயப்பாட்டுவினை இலக்கணத்தால் விதிக்கப்பட்டதன்று, விளக்கத்தால் தேர்ந்துகொள்ளப்பட்டது. ஆயினும் அது தக்க தேர்வே. தன்வினை, இறந்தவரின் ஆற்றலை முன்னிறுத்துகிறது. செயப்பாட்டுவினையோ, இறந்தவர் தமக்குத் தாமே எதுவும் செய்ய இயலாத நிலையில் இருந்தார் என்பதை மறைக்காமல் காட்டுகிறது. பிற மனிதரின் உயிர்த்தெழுதலுக்கு அந்நிகழ்ச்சி முன்மாதிரியாவது இதனாலேயே.

காலக்கூறு ஒன்று இரு மொழிபெயர்ப்புகளிலும் விடுபட்டுள்ளது. 1 கொரிந்தியர் 15:3-4இல் இறந்ததும் அடக்கம் செய்யப்பட்டதும் எளிய இறந்தகாலத்தில் உள்ளன. எழுப்பப்பட்டது மட்டும் விளைவு நீடிப்பதைக் காட்டும் நிறைவுக்காலத்தில், 'எகேகெர்தை' என்று வருகிறது. அவ்வடிவம் அந்த ஓர் அதிகாரத்தில் மட்டும் 7 முறை இடம்பெறுகிறது. இறந்தது முடிந்துபோன செயல். எழுப்பப்பட்ட நிலையோ தொடர்கிறது. தமிழில் 'எழுப்பப்பட்டுள்ளார்' என்னும் துணைவினை வடிவம் இவ்வேறுபாட்டைத் தாங்க வல்லது. அவ்வசனத்தில் அது பயன்படுத்தப்படவில்லை.

3. நித்திய ஜீவனும் நிலைவாழ்வும்

'சோஏ அயோனியோஸ்' என்னும் தொடரைப் பழைய மொழிபெயர்ப்பு 'நித்திய ஜீவன்' என்றும், பொது மொழிபெயர்ப்பு 'நிலைவாழ்வு' என்றும் பெயர்த்துள்ளன. இம்மாற்றத்தை வடசொல் நீக்கம் என்று மட்டும் காண்பது போதாது. யோவான் 10:10இல் இயேசு அளிக்க வந்த வாழ்வைக் குறிக்க 'சோஏ' வருகிறது. அடுத்த வசனத்தில் நல்ல ஆயர் ஆடுகளுக்காகக் கொடுப்பதைக் குறிக்க 'ப்சூகே' வருகிறது. பழைய மொழிபெயர்ப்பு இரண்டையும் 'ஜீவன்' என்றது. பொது மொழிபெயர்ப்பு முன்னதை 'வாழ்வு' என்றும் பின்னதை 'உயிர்' என்றும் பிரித்தது. இழக்கப்படும் உயிர் வேறு, பெறப்படும் வாழ்வு வேறு என்னும் மூலத்தின் வேறுபாடு இதனால் மீட்கப்பட்டது.

'ஜீவன்' என்னும் சொல் தமிழ்ச் சமய மரபில் உடலினின்று பிரிந்து செல்லும் உயிரையும் குறிப்பது. அதனோடு 'நித்திய' என்னும் அடை சேரும்போது, அழியாத ஆன்மா என்னும் பொருளே முந்தி நிற்கும். ஆன்மாவின் இயல்பான அழியாமையும் இறந்தோரின் உயிர்த்தெழுதலும் வெவ்வேறு கருத்துகள் என்பதை ஆஸ்கர் குல்மன் 1955இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவில் வற்புறுத்தினார். முதற்கருத்தின்படி இறப்பு ஒரு விடுதலை. இரண்டாவதன்படி இறப்பு உண்மையான பகை. வாழ்வு மீண்டும் கொடையாகவே வரவேண்டும். தமிழில் இவ்விரண்டையும் 'நித்திய ஜீவன்' என்னும் தொடர் கலந்துவிடுகிறது.

'நிலைவாழ்வு' என்பதற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. இதனைப் பெயர்த்தொகையாகவும் வினைத்தொகையாகவும் பிரிக்கலாம். வினைத்தொகையாகக் கொள்ளின் நிலைத்த, நிலைக்கின்ற, நிலைக்கும் வாழ்வு என முக்காலத்திற்கும் விரியும். யோவான் 5:24 நம்புவோர் அவ்வாழ்வை இப்போதே உடையவர் என நிகழ்காலத்தில் கூறுகிறது. யோவான் 17:3 அவ்வாழ்வைக் கால அளவால் வரையறுக்காமல், கடவுளை அறிதல் என வரையறுக்கிறது. இறப்புக்குப் பின் தொடங்கும் முடிவில்லாக் காலம் என்று மட்டும் பொருள்படும் சொல் இவ்விடங்களுக்குப் பொருந்தாது. காலம் கரந்த தொகை பொருந்துகிறது.

4. நம்பிக்கையின் இடப்பெயர்ச்சி

1 கொரிந்தியர் 13:13இல் 'பிஸ்டிஸ்', 'எல்பிஸ்', 'அகாபே' என்னும் மூன்றும் ஒருங்கே எண்ணப்படுகின்றன. பழைய மொழிபெயர்ப்பில் அவை முறையே விசுவாசம், நம்பிக்கை, அன்பு. பொது மொழிபெயர்ப்பில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. பழைய கத்தோலிக்கச் செபங்களிலும் இரண்டாம் இடத்தில் நின்றது நம்பிக்கையே. ஆகவே 'எல்பிஸ்' என்பதற்கு உரியதாக இருந்த ஒரு சொல் 1995இல் 'பிஸ்டிஸ்' என்பதன் இடத்திற்குப் பெயர்ந்தது.

இப்பெயர்ச்சிக்குக் காரணம் இல்லாமலில்லை. 'விசுவாசம்' என்னும் சொல் பொதுத் தமிழில் பொருள் குறுகி, தலைவனிடம் தொண்டனும் வளர்த்தவரிடம் நாயும் காட்டும் பற்றுறுதியைக் குறிக்கலாயிற்று. கடவுளிடம் தன்னை ஒப்படைத்தலைக் குறிக்க அது பொருத்தமற்றதாயிற்று. அவ்விடத்தை நிரப்ப 'நம்பிக்கை' அழைக்கப்பட்டது. ஒரு சொல் நகர்ந்தபோது அதன் பழைய இடம் வெறுமையாயிற்று; அதனை நிரப்ப 'எதிர்நோக்கு' வந்தது. பொருட்புலத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்ற இயலாது என்பதற்கு இது தெளிவான சான்று.

புதிய சொல்லின் பொருத்தத்தைச் சொற்சேர்க்கையால் சோதிக்கலாம். நல்லதை எதிர்நோக்கலாம், ஆபத்தையும், பஞ்சத்தையும், வழக்கையும் எதிர்நோக்கலாம். ஆனால் பஞ்சம் வரும் என்று ஒருவர் 'நம்பிக்கையோடு' இருப்பதாகச் சொன்னால் அது எள்ளலாகவே ஒலிக்கும். நன்மை விளையும் என்னும் மதிப்பீடு 'நம்பிக்கை'யில் பொதிந்துள்ளது. 'எதிர்நோக்கு' என்பதில் அது இல்லை. கிரேக்கத்தில் இத்தகைய நடுநிலை எதிர்பார்ப்பைக் குறிக்க 'ப்ரொஸ்டொகாஓ' என்னும் வினை தனியே உண்டு. 381ஆம் ஆண்டின் கொன்ஸ்தாந்திநோபிள் சங்கத்தோடு இணைத்து வழங்கும் நம்பிக்கை அறிக்கை, இறந்தோரின் உயிர்த்தெழுதலைப் பற்றிய தன் இறுதிப் பகுதியில் இவ்வினையையே ஆள்கிறது. 'எதிர்நோக்கு' அவ்வினைக்கு நேர் நிகர். 'எல்பிஸ்' என்பதற்கு அது பகுதி நிகரே. உரோமையர் 8:25இல் காணாததை 'எல்பிஸ்' கொண்டு நோக்குவதும் அதற்காகப் பொறுமையோடு காத்திருப்பதும் காரணகாரியமாக இணைக்கப்படுகின்றன. எதிர்நோக்குவதே ஒருவகைக் காத்திருத்தல் ஆதலால், தமிழில் காரணமும் காரியமும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகின்றன.

5. துயருறுவோரும் வேலியும்

இச்சிக்கல் அகராதி அளவில் நிற்பதன்று. பவுலின் கடிதங்களுள் மிகப் பழையது எனப் பொதுவாகக் கருதப்படுவதும், கி.பி. 50ஐ ஒட்டி எழுதப்பட்டதுமான 1 தெசலோனிக்கர், இறந்தோரைக் குறித்துத் துயருறுவோருக்கு ஆறுதல் கூறுகிறது (4:13). 'எல்பிஸ்' இல்லாத பிறரைப் போல் நீங்கள் துயருறலாகாது என்பது அதன் கருத்து. அடக்கச் சடங்குகளில் பலராலும் கேட்கப்படும் பகுதி இது. பழைய மொழிபெயர்ப்பு அப்பிறரை 'நம்பிக்கையற்றவர்கள்' என்கிறது. தன் காலச் சொல்லமைப்பில் அது சரியே; இறப்புக்கு அப்பால் காண ஏதுமில்லாதவர் என்பது அதன் பொருள். பொது மொழிபெயர்ப்பின் சொல்லமைப்பில் பழகிய ஒருவர் அதே சொல்லைக் கேட்கும்போது கடவுளை நம்பாதவர் என்றே பொருள்கொள்வார். மூலத்தில் ஆறுதலாக இருந்த தொடர், அவர் செவியில் சமய எல்லையை வரையும் வேலியாகிவிடுகிறது. கல்லறையருகே நிற்போருள் வேற்றுச் சமயத்து உறவினரும் இருப்பர் என்பதை எண்ணினால் இவ்வேறுபாட்டின் கனம் விளங்கும்.

எதிர்த்திசையிலும் இக்குழப்பம் நிகழ்கிறது. 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தில், கிறிஸ்து எழுப்பப்படவில்லையெனில் 'பிஸ்டிஸ்' வீண் என்று 14ஆம் வசனம் கூறுகிறது. இம்மைக்கு மட்டுமே உரிய 'எல்பிஸ்' இரங்கத்தக்கது என்று 19ஆம் வசனம் கூறுகிறது. பழைய மொழிபெயர்ப்பைக் கற்றவர் பொது மொழிபெயர்ப்பின் 14ஆம் வசனத்தில் 'நம்பிக்கை'யைக் காணும்போது, 19ஆம் வசனத்தின் கருத்தே முன்கூட்டி வந்துவிட்டதாகக் கொள்வார். பவுல் இரு படிகளாக அமைத்த வாதம் ஒரே படியாகச் சுருங்கிவிடும். இரு சபைகளையும் சேர்ந்தோர் ஒரே குடும்பத்தில் இருப்பது அரிதன்று. ஒரே சொல் ஒருவருக்குக் கடவுளைப் பற்றுதலையும் மற்றவருக்கு வரவிருப்பதைக் குறித்த உறுதியையும் தரும்போது, இருவரும் தம்முள் வேறுபாடு இருப்பதையே அறியாமல் உரையாடுவர்.

6. எதிர்நோக்கின் சார்பாக

புதிய சொல்லின் சார்பில் சொல்லத்தக்கனவும் உள. 'நம்பிக்கை' உள்ளத்தின் நிலையை மட்டும் காட்டும். 'எதிர்நோக்கு' உள்ளத்திற்குப் புறத்தே உள்ள இலக்கையும் சுட்டும். ஈஸ்டர் நம்பிக்கை வெறும் மனத்திடமன்று, வரவிருக்கும் ஒன்றைக் குறித்த பார்வை என்பதை இச்சொல் உணர்த்துகிறது. திருக்குறள் 1082இல் 'எதிர்' என்பதும் 'நோக்குதல்' என்பதும் சேர்ந்து, ஒரு பார்வைக்கு மறுபார்வை தருதலைக் குறிக்கின்றன. இப்பழம்பொருளை நினைவிற் கொண்டால், முந்திச் செயற்பட்டவரை மறுபடி நோக்குதல் என்னும் பொருளும் இச்சொல்லில் விளையக்கூடும். எழுப்பியவர் கடவுள் எனக் காட்டும் செயப்பாட்டுவினைக்கு அது இசைவானதே.

வழக்கும் இச்சொல்லுக்கு வலுவூட்டி வருகிறது. கத்தோலிக்கத் திருஅவை 2025இல் கொண்டாடிய யூபிலி ஆண்டின் கருப்பொருள் தமிழில் 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என வழங்கியது. விவிலியப் பக்கத்தில் நின்ற சொல் இவ்வாறு பொது அறிவிப்புகளிலும் இடம்பெற்றது. ஆக்கச் சொல்லுக்குப் பொருளைத் தருவது அகராதியினும் வழக்கே. ஆயினும் அவ்வழக்கு ஒரு சபையின் எல்லைக்குள்ளேயே பெரிதும் அமைவதால், பொதுத் தமிழில் அச்சொல்லின் நடுநிலைப் பொருள் இன்னும் மாறவில்லை.

7. முடிவுரை

உயிர்த்தெழுதல் பற்றிய செய்தியில் செயப்பாட்டுவினையை மீட்டதாலும், உயிரையும் வாழ்வையும் பிரித்துக் காட்டியதாலும் பொது மொழிபெயர்ப்பு பழைய மொழிபெயர்ப்பினும் தெளிவுடையது. நிறைவுக்காலத்தை வெளிப்படுத்தும் பணி எஞ்சியுள்ளது. 'எல்பிஸ்' என்பதன் பெயர்ப்பில், புதிய சொல்லின் பொருட்குறைவினும் பழைய சொல்லின் இடமாற்றமே பெருஞ்சிக்கல். முற்றிலும் புதிய சொல், தன்னை அறியாதவரை வினவச் செய்யும். இடம்பெயர்ந்த பழைய சொல்லோ அவ்வாறு வினவச் செய்வதில்லை.

எனவே கலைச்சொல்லை மாற்றும் மொழிபெயர்ப்பாளர் அச்சொல் விட்டுச் செல்லும் இடத்தையும், அது புகும் இடத்தில் ஏற்கெனவே வழங்கும் பொருளையும் சேர்த்தே எடைபோடவேண்டும். இனி வரும் திருத்தப் பதிப்புகள் 1 தெசலோனிக்கர் 4:13, 1 கொரிந்தியர் 15:14, 19, உரோமையர் 8:25 ஆகிய இடங்களிலேனும் சொல்வேறுபாட்டை விளக்கும் அடிக்குறிப்புகளைத் தருதல் வேண்டும். இரு மரபினரும் கூடும் அடக்க வழிபாடுகளில் இரு மொழிபெயர்ப்புகளையும் கலந்து வாசிக்காமல் ஒன்றையே கையாளுவதும் பயன்தரும். ஆறுதல் சொல்லவேண்டிய இடத்தில், கேட்பவர் அச்சொல்லை எப்பொருளில் கொள்கிறார் என்பது மொழிபெயர்ப்பின் தரத்தை அறியும் அளவுகோல்களுள் முதன்மையானது.