ஆறாம் படி

2010 குடிக்கணக்குப்படி மலேசியாவின் கெடா மாநில மக்களில் நூற்றுக்கு ஒருவர்கூடக் கிறிஸ்தவர் இல்லை. சரியாகச் சொன்னால் 0.8 விழுக்காடு. அதே கணக்கில் மலேசிய இந்தியர்களில் கிறிஸ்தவர்கள் 6 விழுக்காடு. ஆகவே கெடாவின் ஜித்ராவில் குடியிருக்கும் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் ஊருக்குள் தமிழர் என்பதால் சிறுபான்மை. தமிழருக்குள் கிறிஸ்தவர் என்பதால் மறுபடியும் சிறுபான்மை. அலோர் ஸ்டார் புனித மிக்கேல் ஆலயம் அங்கிருந்து தெற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தூரம். காரோ மோட்டாரோ ஓட்டத் தெரியாத ஒரு பாட்டிக்கு அது பக்கமில்லை. இங்கே ஒருவருடைய விசுவாசம் எப்படி நடமாடுகிறது என்று பார்க்க விரும்புகிறவர் ஞாயிறு பூசையை மட்டும் பார்த்தால் போதாது. தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிகளின் வீட்டு முன்கூடத்துக்குள் வரவேண்டும்.

கூட்டம் வழக்கமாக இரவு எட்டு மணிக்கு மேல். வாசலில் செருப்புக் குவியல், இரவல் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மெழுகுவத்தி, திறந்த வேதாகமம். பாட்டு, வாசகம், பகிர்வு, விண்ணப்பங்கள், பிறகு மீ கோரேங்கும் தே ஓவும். கத்தோலிக்கர் இதை அன்பியம் என்பார்கள், மெதடிஸ்ட், லூத்தரன் சபையார் வீட்டு ஜெபக் கூட்டம் என்பார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் இதுவே உபவாச ஜெபமாக இன்னும் நீளும், சத்தமும் கூடும். சபைகளுக்குள் ஆயிரம் வேறுபாடு இருந்தாலும் முன்கூடம் ஒன்றுதான். இவற்றில் கத்தோலிக்க அன்பியத்துக்குத் திட்டமிட்ட ஒரு வரலாறு உண்டு. அதன் நல்லது கெட்டதை எடைபோட அது வசதி.

அந்த வரலாறு 1976 ஆகஸ்டில் பினாங்கில் தொடங்குகிறது. தீபகற்ப மலேசியாவின் கத்தோலிக்கக் குருக்கள் தங்கள் பங்குகளை விட்டுவிட்டு பினாங்கு பெரிய குருமடத்தில் ஒரு மாதம் கூடி உட்கார்ந்தார்கள். அந்த மாதம் முழுவதும் ஞாயிறு வழிபாட்டைப் பொதுநிலையினரே பார்த்துக்கொண்டார்கள். வெளிநாட்டு மறைப்பணியாளர் தங்கும் காலத்துக்கு அரசு பத்தாண்டு வரம்பு வைத்திருந்த நேரம் அது. பிரெஞ்சுப் பாதிரியார்களை நம்பியே வளர்ந்த திருச்சபைக்கு, பாதிரியார் இல்லாமல் எப்படி இருப்பது என்று முன்கூட்டியே பழகவேண்டிய கட்டாயம் வந்திருந்தது. கூடியவர்கள் எடுத்த முடிவுகளில் முக்கியமானது, அக்கம்பக்கத்து வீடுகளைச் சேர்த்து அடித்தளச் சமூகங்கள் அமைப்பது. மறு ஆண்டே பினாங்கு ஆயராக நியமிக்கப்பட்டவர் சுங்கை பட்டாணியில் பிறந்த அந்தோணி சோத்தர் பெர்னாண்டஸ். பின்னாளில், 2016இல், மலேசியாவின் முதல் கர்தினால் ஆனவரும் அவரே. கெடாக்காரர் ஒருவரின் கண்ணெதிரேதான் இந்தத் திட்டம் வடக்கு மாநிலங்களில் வேர்பிடித்தது.

திட்டம் புதிது என்றாலும் பழக்கம் பழையது. கெடாவின் ரப்பர்த் தோட்டங்களில் பாதிரியார் எப்போதோ ஒருநாள்தான் வருவார். மற்ற நாட்களில் உபதேசியார் இருந்தால் உண்டு. அவரும் இல்லாவிட்டால் லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் யாருக்கு எழுத்துக் கூட்டத் தெரியுமோ அவர்தான் ஜெபம் சொல்வார். விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிறவர்கள், மரம் சீவி, பால் எடுத்து, மத்தியானம் திரும்பி, சாயங்காலம் ஜெபமாலை சொன்னார்கள். பக்கத்து லயத்து இந்துக் குடும்பமும் வந்து ஓரமாக உட்கார்ந்திருக்கும். நகரத்துக் கிறிஸ்தவம் மறந்துபோன ஒன்று அங்கே இயல்பாக இருந்தது: நம்பிக்கை என்பது தனி ஆளின் உள்ளக்கிடக்கை அல்ல, பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும்படியான ஒரு நடத்தை. குடித்துவிட்டு வந்தவரும், சண்டை போட்டவரும், கடன் வாங்கித் திருப்பாதவரும் அதே வட்டத்தில்தான் உட்காரவேண்டும். வேறு போக்கிடம் இல்லை.

அன்பியத்துக்கு ஒரு வடிவமும் வெளியே இருந்து வந்தது. தென்னாப்பிரிக்காவின் லும்கோ பயிற்சி நிலையத்தில், நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த காலத்தில், ஓஸ்வால்ட் ஹிர்மர், ஃபிரிட்ஸ் லோபிங்கர் என்ற இரண்டு ஜெர்மானியக் குருக்கள் பரப்பிய ஏழு படி முறை அது. ஆண்டவரை அழைப்பது முதல் படி. வேதப் பகுதியை வாசிப்பது, மனத்தில் தைத்த சொல்லை எடுத்து மெல்லத் திரும்பச் சொல்வது, மௌனம், அந்தச் சொல் தனக்கு என்ன சொன்னது என்று பகிர்வது என்று அடுத்த நான்கு. ஆறாவதாக, இந்தக் குழு செய்யவேண்டிய வேலை என்ன என்று பேசி முடிவெடுக்கவேண்டும். ஏழாவது ஜெபம். ஆசிய ஆயர்கள் 1990இல் பாண்டுங்கில் கூடியபோது சமூகங்களின் சமூகமாகத் திருச்சபை இருக்கவேண்டும் என்றார்கள். அதன் பிறகு இந்த முறை ஆசியா முழுவதும் இன்னும் வேகமாகப் பரவியது.

படிகளின் வரிசையிலேயே ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. பிரசங்கம் கிடையாது, விளக்கவுரை கிடையாது. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட பெண்ணும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் ஒரே நேர அளவில் பேசலாம். "எனக்கு இந்த வார்த்தை பிடிச்சது" என்று சொல்ல இறையியல் பட்டம் தேவையில்லை. தோட்டத்தில் வாழ்நாளெல்லாம் துரை, கிராணி, தண்டல் சொன்னதைக் கேட்டே பழகியவர்களை, கூட்டத்தில் வாய்திறந்து பேசவைத்த இடங்களில் இதுவும் ஒன்று. அதைக் குறைத்து மதிப்பிட முடியாது.

பலனையும் கண்ணால் காணலாம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஆலயத்துக்குத் தகவல் போவதற்கு முன்பே அன்பியத்துக்குத் தெரிந்துவிடும். கூடாரம், நாற்காலி, ராத்திரி ஜெபம், மூன்று நாள் சாப்பாடு எல்லாம் தானாக நடக்கும். பிள்ளைகள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட வீட்டில் சர்க்கரை நோயோடு தனியாக இருக்கும் முதியவரைக் கிளினிக்குக்கு அழைத்துப்போக ஒரு கை கிடைக்கும். கடவுள் கைவிடமாட்டார் என்று அந்த முதியவர் சொல்லும்போது, அவர் மனத்தில் ஓடுவது பெரும்பாலும் வாசலில் வந்து நிற்கும் அந்தக் கார்தான்.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டில் குறை எங்கே? ஆறாம் படியில்.

நடைமுறையில் பல அன்பியங்கள் ஐந்தாம் படியிலிருந்து ஏழாம் படிக்குத் தாவிவிடுகின்றன. என்ன செய்யப்போகிறோம் என்ற கேள்வி வரும் இடத்தில் யாராவது ஒருவர், "இதை ஜெபத்துல வச்சுக்குவோம்" என்கிறார். எல்லோரும் நிம்மதியாகக் கண்ணை மூடுகிறார்கள். ஜெபம் வேலையின் தொடக்கமாக இல்லாமல் அதற்குப் பதிலியாகிவிடுகிறது. தேவனை நம்புகிறோம் என்பதும் தேவனிடம் தள்ளிவிடுகிறோம் என்பதும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருப்பதுதான் சிக்கல்.

இந்தத் தாவலுக்குப் பேச்சு வழக்கமே ஒரு காரணம். வீட்டு ஜெபத்தில் கஷ்டத்தைச் சொல்ல இரண்டே வடிவங்கள் அனுமதிக்கப்படுகின்றன. ஒன்று விண்ணப்பம்: "குடும்ப சமாதானத்துக்காக," "ஒரு பொருளாதாரத் தேவைக்காக." இன்னொன்று சாட்சி: கஷ்டம் தீர்ந்தபிறகு சொல்லப்படுவது. இடையில் இருக்கும் நீண்ட காலத்துக்கு, அதாவது ஆ லோங் என்ற கந்துவட்டிக்காரரிடம் வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட முடியாமல் கைபேசியை அணைத்து வைத்திருக்கும் மாதங்களுக்கு, இந்த மேடையில் மொழி கிடையாது. தீராத கஷ்டத்தைச் சொன்னால் விசுவாசக் குறைவு என்று எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம். செழிப்பு உபதேசம் செய்யும் பாஸ்டர்களின் காணொளிகள் கைபேசியில் வந்து குவியும் காலத்தில் இந்தப் பயம் கத்தோலிக்க வீடுகளிலும் புகுந்துவிட்டது. வெற்றி பெற்றவர்கள் மட்டும் சாட்சி சொல்வதால், தோற்றவர்களின் கடவுள் எங்கே இருந்தார் என்று அந்தக் கூடத்தில் யாருக்கும் தெரியாமலே போகிறது.

2021 ஜூன் கடைசியில், கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டின் நடுவே, மலேசியாவில் வெள்ளைக் கொடி இயக்கம் பரவியது. சாப்பாடு இல்லாதவர்கள் வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால் போதும், விளக்கம் சொல்லவேண்டாம், அக்கம்பக்கத்தார் பார்த்து உதவுவார்கள். மதம் கேட்காத, சாட்சி கேட்காத ஏற்பாடு. விண்ணப்பமாகச் சொல்ல முடியாத பசியை ஒரு துணி சொல்லிவிட்டது. சுற்றியிருந்த பத்து வீட்டின் நிலவரத்தையும் அறிந்திருக்கவேண்டிய அன்பியங்களுக்கு இது கொஞ்சம் உறைத்திருக்க வேண்டும். திருச்சபைகள் பங்கு அளவில் அரிசியும் பருப்பும் கொடுத்தன, அதில் சந்தேகமில்லை. ஆனால் பட்டியல் போட்டு மேலிருந்து கொடுப்பதற்கும், பக்கத்து வீட்டு அடுப்பு எரியவில்லை என்று முதலில் அறிவதற்கும் தூரம் இருக்கிறது.

நேர்ச்சைப் பழக்கத்தோடு ஒப்பிட்டால் அன்பியத்தின் தனித்தன்மை இன்னும் தெளிவாகும். ஒவ்வொரு ஜூலையும் கெடாவிலிருந்து பஸ் பஸ்ஸாக மக்கள் புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத்துக்குப் போகிறார்கள். 26ஆம் தேதி திருநாள். இந்துக்களும் சீனரும்கூட மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குள் நிற்கும் நம்பிக்கைக்கு ஓர் அழகு உண்டு, ஆறுதலும் உண்டு. ஆனாலும் நேர்ச்சை பக்தருக்கும் புனிதருக்கும் இடையிலான சங்கதி. நடுவில் மூன்றாம் ஆள் தேவைப்படுவதில்லை. அன்பியத்தில் மூன்றாம் ஆள் இல்லாமல் எதுவும் நடக்காது. ஆறாம் படியைத் தவறவிட்ட அன்பியம், பஸ் ஏறாமலேயே நேர்ச்சைக்குப் போய்விட்டு வருகிறது என்றுதான் சொல்லவேண்டும்.

இந்த மண்ணின் கிறிஸ்தவர்களுக்கு ஆறாம் படி தெரியாதா என்றால், தெரியும். 1880களில் ஃபே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் பேராக்கின் பாகான் செராய் அருகே தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்று ஒரு விவசாயக் குடியிருப்பை உண்டாக்கினார். அது சூசைபாளையம் என்று பெயர் பெற்றது. ஒப்பந்தக் கூலியாக வந்தவருக்குக் காலூன்ற ஓரிடம் வேண்டும் என்று யோசித்த விசுவாசம் அது. அதே சமயம், கெடாத் தோட்டங்களை உலுக்கிய பெரிய சீர்திருத்தம் தேவாலயத்துக்கு வெளியே பிறந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. 1946, 47இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் திரண்ட தொண்டர் படைதான் கள்ளுக்கடைகளை மறித்தது. போலீஸ் அடியையும் கைதையும் வாங்கிக்கொண்டது. குடிக்கு எதிராக எத்தனையோ லயங்களில் பெண்கள் கண்ணீரோடு ஜெபித்திருப்பார்கள். கடையின் வாசலில் போய் நின்றவர்கள் வேறு ஆட்கள்.

ஆறாம் படியைத் தாண்டவைக்கும் பயத்துக்கும் ஒரு தேதி உண்டு. 1987 அக்டோபரில் ஓப்பராசி லாலாங் என்ற கைது நடவடிக்கை நடந்தபோது உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நூற்றுக்கும் மேற்பட்டோர் பிடிபட்டார்கள். அவர்களில் திருச்சபையின் மனித மேம்பாட்டுப் பணியகத்தை நடத்திவந்த லசால் சகோதரர் அந்தோணி ரோஜர்ஸும் ஒருவர். ஏழைகளோடு சேர்ந்து நிற்பது விசாரணைக் கொட்டடிக்குக் கொண்டுபோகலாம் என்று தெரிந்தபிறகு, கூட்டத்தில் 'நாம் என்ன செய்யலாம்' என்ற கேள்வியின் குரல் தாழ்ந்ததில் வியப்பில்லை. முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதைத் தடுக்கும் கெடா மாநிலச் சட்டம் மறு ஆண்டு, 1988இல் வந்தது. உதவி செய்வதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. இருந்தாலும் மலாய் அண்டைவீட்டாருக்கு ஓர் அரிசி மூட்டை கொடுக்கும்போதுகூட, தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று இரண்டுமுறை யோசிக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

ஆறாம் படி தவறிப்போவதற்கு இடம் மாறியதும் ஒரு காரணம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புக்கு விற்கப்பட்டு, லயத்து மக்கள் சுங்கை பட்டாணி, கூலிம், ஜித்ரா தாமான்களுக்குச் சிதறினார்கள். லயத்தில் அக்கம்பக்கம் என்றாலே தமிழ்தான். தாமானில் அன்பியம் தெருவாரியாகப் பிரிக்கப்படுவதால் ஒரே கூடத்தில் தமிழர், சீனர், சபா சரவாக்கிலிருந்து வேலைக்கு வந்தவர் எல்லாரும் உட்காருகிறார்கள். கொள்கையளவில் இது மிக நல்லது. நடப்பில் ஜெபம் ஆங்கிலத்துக்கோ மலாய்க்கோ மாறுகிறது. லயத்தில் ஜெபமாலையை நடத்திய பாட்டி இங்கே 'ஆமென்' மட்டும் சொல்கிறார். ஒற்றுமைக்காகக் கொடுக்கப்படும் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பங்குப் பேரவைகள் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆண்களையும் இளைஞர்களையும் பன்னிரண்டு மணிநேர ஷிப்ட் விழுங்கிவிட்டது. எனவே கூட்டம் பெண்களின் பொறுப்பாகிறது. சமையல், வீடு கூட்டுதல், பாட்டு எடுத்தல், நோயாளி வீட்டுக்குப் போதல் எல்லாம் அவர்கள் தலையில். ஒருங்கிணைப்பாளர் என்று பெயர் போட்டுக்கொள்ள மட்டும் ஒரு ஐயா எங்கிருந்தோ வந்துவிடுகிறார். அடுத்த வாரம் யார் வீட்டில் என்றதும் சிலர் குனிந்துகொள்வதற்கு மீ கோரேங்கின் செலவும் ஒரு காரணம். வெறும் தண்ணீர் போதும் என்று தீர்மானிக்க ஏழு படியும் வேண்டியதில்லை. ஆனால் விருந்தோம்பலில் பேர் கெட்டுவிடும் என்ற தமிழ் மானம் அதற்கு இடம்கொடுப்பதில்லை.

இவையெல்லாம் முயன்றால் சரிசெய்யக்கூடியவை. மொழியைச் சுழற்சி முறையில் வைக்கலாம், நேரத்தை ஷிப்டுக்கு ஏற்ப மாற்றலாம், போன வாரம் எடுத்த முடிவு என்னவாயிற்று என்று முதல் ஐந்து நிமிடத்தில் கேட்கலாம். அந்த ஒரு கேள்வியைப் பழக்கமாக்கினாலே பாதி அன்பியங்கள் விழித்துக்கொள்ளும்.

சரிசெய்யக் கடினமானது, வட்டத்தில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது. தோட்டத்தில் ஜெபம் நடந்தபோது கிராணியின் குடும்பமும் பால் எடுத்த பெண்ணின் குடும்பமும் ஒரே பாயில் இருந்தன. சம்பளப் பிடித்தத்தைப் பற்றி அங்கே எப்படிப் பேசுவது? இன்று அந்தப் பாயில் தொழிற்சாலைக்கு ஆள் எடுத்துவிடும் குத்தகைக்காரரும், அவரிடம் வேலை பார்க்கும், சொக்சோ காப்புறுதியும் இ.பி.எப். சேமநிதியும் பிடிக்கப்படாத இளைஞனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். இருவரும் நல்லவர்கள். இருவரும் உரக்கப் பாடுகிறார்கள். வாசகம் திராட்சைத் தோட்டக் கூலியாட்களைப் பற்றியதாக இருந்தாலும் ஐந்தாம் படியில் இருவரும் கடவுளின் தாராளத்தைப் பற்றியே பேசுவார்கள். ஆறாம் படியில் அந்த இளைஞன் வாய்திறந்தால் வேலை போகலாம். ஒருங்கிணைப்பாளர் வாய்திறந்தால், ஆலயத் திருவிழாவுக்கு மிகப்பெரிய நன்கொடை தருகிற வீடு ஒன்று அன்பியத்தை விட்டுப் போகலாம். 1976 ஆகஸ்டில் பினாங்கில் கூடிய குருக்கள் இப்படிப்பட்ட ஒரு பாயை மனத்தில் வைத்திருந்தார்களா என்பதைவிட, அது விரித்திருக்கும் தெருவில் குடியிருப்பவர்களில் யார் முதலில் பேசுவது என்பதுதான் இப்போது தீராமல் நிற்கிற கேள்வி.