யூ கேன் ஸ்பாம்!

போலி ரோலெக்ஸ், வயாகரா, நைஜீரியாவில் மாண்டுபோன கோடீஸ்வரரின் சொத்து... கேட்காமல் வரும் இந்த மெயில்களைத் தடுக்கச் சட்டமே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. ஒன்றல்ல, பல.

அமெரிக்காவில் 2003 டிசம்பரில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டத்தின் பெயர் 'கேன்-ஸ்பாம்'. ஸ்பாமைத் தூக்கி எறி என்ற அர்த்தத்தில் வைத்தது. உள்ளே படித்தால் 'தாராளமாக அனுப்பலாம்' என்றுதான் தொனிக்கிறது. உங்கள் முன்சம்மதம் தேவையில்லை. பொய்த் தலைப்பு கூடாது, தபால் முகவரி தரவேண்டும், 'வேண்டாம்' என்று சொன்னால் 10 வேலைநாட்களுக்குள் நிறுத்தவேண்டும். அவ்வளவுதான். நிஜ முகவரி தருகிற யோக்கியன் போலி ரோலெக்ஸ் ஏன் விற்கப்போகிறான்?

ஐரோப்பா 2002-லேயே 'முதலில் சம்மதம் கேள்' என்றது. இது உத்தமம். ஆனால், அனுப்புகிறவன் ஒரு நாட்டில், சர்வர் இன்னொரு நாட்டில், மெயிலைத் துப்புவதோ வைரஸ் பிடித்த யாரோ ஒரு அப்பாவியின் கம்ப்யூட்டர். உங்களுடையதாகக்கூட இருக்கலாம். எந்த ஊர் போலீஸ் யாரைப் பிடிக்கும்?

2004-ல் பில் கேட்ஸ், ரெண்டே வருஷத்தில் ஸ்பாம் ஒழியும் என்றார். ஒழியவில்லை. 2008 நவம்பரில் ஒரு பத்திரிகை நிருபர் ஆதாரங்களை நீட்ட, கலிஃபோர்னியாவின் மெக்கோலோ என்ற ஹோஸ்டிங் கம்பெனிக்கு இணைப்பு கொடுத்தவர்கள் அதைத் துண்டித்தார்கள். உலக ஸ்பாம் மளமளவென்று பாதிக்கும் கீழே விழுந்தது. கோர்ட்டும் இல்லை, வக்கீலும் இல்லை. சில மாதங்களில் பழையபடி ஏறிவிட்டது என்பது வேறு விஷயம். ஒயரைப் பிடுங்கினால் வேறு ஒயர் கிடைக்கும்.

பின் எதைப் பிடிப்பது? பணத்தை. அதே 2008-ல் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் ஸ்பாமர்களின் வலைக்குள் நுழைந்து எண்ணிப் பார்த்தார்கள். 35 கோடி மெயில்கள். வாங்க முன்வந்தவர்கள் 28 பேர்! நம்ம ஊர் மளிகைக்காரர் மறுநாளே கடையை மூடிவிடுவார். மெயில் அனுப்ப ஏறக்குறைய செலவே இல்லாததால் இவர்கள் மூடுவதில்லை. 2011-ல் வந்த இன்னொரு ஆய்வு முக்கியமானது. ஸ்பாம் வழியே விற்ற மருந்து, போலிப் பொருட்கள், சாஃப்ட்வேரில் 95 சதவிகிதத்துக்கான பணம் விரல்விட்டு எண்ணக்கூடிய சில வங்கிகள் வழியாகவே போனது.

ஆகவே, சட்டம் எழுதுபவர்கள் மெயிலைத் துரத்துவதை விட்டுவிட்டு அந்த வங்கிகளின் வாசலில் போய் நிற்கட்டும். மெயிலுக்கு எல்லை இல்லை. கார்டில் தேய்க்கும் பணம் எங்காவது ஒரு கவுன்ட்டரில் நின்றுதான் போகவேண்டும்.

அதுவரை நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான். அந்த 28 பேரில் ஒருவராக இருக்காதீர்கள்.