தாவலும் சரிவும்

மாரியோவா, சோனிக்கா என்ற சண்டையை மூட்டிவிட்டது விளம்பரம்தான். 1991இல் சேகா நிறுவனத்துக்குத் தன் மெகா டிரைவ் பெட்டியை விற்க ஒரு முகம் தேவைப்பட்டது. நீல நிற முள்ளெலி ஒன்றைக் களமிறக்கி, எதிரே இருந்த நின்டெண்டோவின் மீசைக்காரப் பிளம்பரைச் சின்னப் பிள்ளைகளின் சமாசாரம் என்று கேலி செய்தது. அந்தப் போர் முடிந்து வெகுகாலம் ஆகிறது. 2001இல் சேகா ஆட்டப்பெட்டி தயாரிப்பதையே விட்டுவிட்டது. 2007இல் மாரியோவும் சோனிக்கும் ஒரே ஒலிம்பிக் ஆட்டத்தில் சேர்ந்து ஓடினார்கள். கடைக்காரர்கள் சமாதானமாகிவிட்டார்கள், ரசிகர்களின் வழக்கு மட்டும் தீர்ப்பில்லாமல் கிடக்கிறது. என் தீர்ப்பு மாரியோவின் பக்கம். ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களை, அதாவது அதிகம் விற்றது, பிழையில்லாமல் வருகிறது, குடும்பத்தோடு ஆடலாம் என்பவற்றை நான் பொருட்படுத்தவில்லை. இரண்டு தொடர்களும் தங்கள் இன்பத்தை வெவ்வேறு இடத்தில் வைத்தன. மாரியோவின் இன்பம் ஆடுபவரின் கட்டைவிரலில் இருக்கிறது. சோனிக்கின் இன்பம் கால் பதியும் தரையில் இருக்கிறது. கட்டைவிரலை எந்த ஊருக்கும் கொண்டுபோகலாம். தரையைப் பெயர்த்து எடுத்துப்போவது அவ்வளவு சுலபமில்லை.

தாவலை முதலில் பார்ப்போம். 1981இல் வந்த ‘டாங்கி காங்’ ஆட்டத்திலேயே இதே மனிதர் தாவினார். ஆனால் அந்தத் தாவலுக்கு உயரமும் தூரமும் மாறாது. பொத்தானைத் தொட்டால் ஒரே வில், அவ்வளவுதான். 1985இல் ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் உருவாக்கிய ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ அந்த வில்லை ஆடுபவர் கையில் கொடுத்தது. லேசாகத் தட்டினால் சின்னத் துள்ளல். அழுத்திப் பிடித்தால் பெரிய தாவல். ஓடிவந்து தாவினால் இன்னும் சற்று உயரம். பொத்தான் அழுந்தியிருக்கும்வரை, மேலே போகிற மாரியோவை ஈர்ப்பு மெதுவாகத்தான் இழுக்கிறது. விரலை எடுத்ததும் அவர் கனமாகிவிடுகிறார், சட்டென்று இறங்குகிறார். அந்தரத்தில் இருக்கும்போதே முன்னும் பின்னும் திருப்பலாம். நிஜ உலகில் எந்த மனிதனாலும் முடியாத காரியம் இது. ஆனாலும் ஆடுகிறவருக்கு இது பொய்யாகத் தெரிவதில்லை, ஏனென்றால் விரல் எவ்வளவு நேரம் அழுந்தியதோ அதற்கு ஈடான உயரம் திரையில் கிடைக்கிறது. முதல் உலகத்தின் முதல் கட்டத்தில் இதைக் கற்றுக்கொடுக்கும் விதம் பிரசித்தம். எதிரே ஒரு கூம்பா வருகிறது, தாவாவிட்டால் சாவு. அடுத்து கேள்விக்குறிப் பெட்டியை முட்டினால் காளான் வெளிவந்து வலப்பக்கம் நகர்ந்து, குழாயில் மோதித் திரும்பி, நம்மை நோக்கியே வருகிறது. எதிரி என்று பயந்து தாவினாலும் தலைக்கு மேலிருக்கும் செங்கற்கள் தடுத்து, அநேகமாக அதன் மேலேயே விழவைக்கின்றன. விழுந்ததும் மாரியோ பெரிதாகிறார். ஒரு வரி விளக்கமும் இல்லாமல் நல்லது எது, கெட்டது எது என்பது புரிந்துவிடுகிறது. மொத்த ஆட்டமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தை நிறம் மாற்றிப் போட்டுச் சிக்கனம் பிடித்தார்கள். தாவலில் மட்டும் சிக்கனம் பிடிக்கவில்லை.

சோனிக்கை மட்டம் தட்டுவது என் நோக்கமில்லை. அதன் சிறந்த நிமிடங்கள் மாரியோவின் சிறந்த நிமிடங்களைவிட ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வேன். வளைவான பாதையில் ஓர் உருவத்தைத் தடங்கலின்றி ஓடவைக்கும் கணக்கை யூஜி நாகா எழுதியதிலிருந்துதான் அந்த ஆட்டம் பிறந்தது. நாவோட்டோ ஓஷிமா அதற்கு உருவம் கொடுத்தார், ஹிரோகாசு யாசுஹாரா அது ஓடுவதற்கான நிலத்தை வரைந்தார். ‘கிரீன் ஹில்’ பகுதியில் ஒரு சரிவின் உச்சியில் நின்று கீழ்ப்பொத்தானை அழுத்துங்கள். சோனிக் பந்தாகச் சுருண்டு உருளத் தொடங்கும், ஓடி இறங்கியிருந்தால் கிடைக்கும் வேகத்தைவிட உருண்டு இறங்கும்போது அதிக வேகம் கூடும். அதே வேகத்தோடு எதிர் மேட்டில் ஏறும்போது தாவினால் நேர் மேலே போகாது, நிற்கும் சரிவுக்குச் செங்குத்தாகத் தெறிக்கும். ஆக, எங்கே தாவுகிறோம் என்பதே எந்தத் திசையில் பறப்போம் என்பதைத் தீர்மானிக்கிறது. மேல்பாதை வேகமானது, வளம் நிறைந்தது. தவறி விழுந்தால் கீழ்ப்பாதை, அங்கே முட்களும் காத்திருப்பும். நிலத்தைப் படிக்கத் தெரிந்தவர் மேலேயே மிதப்பார். வளையங்களின் ஏற்பாடும் அபாரம்: கையில் ஒரே ஒரு வளையம் இருந்தால்கூட அடி வாங்கியும் சாகமாட்டோம், ஆனால் சேர்த்ததெல்லாம் சிதறி ஓட, அவற்றைத் துரத்திப் பொறுக்க வேண்டும். தண்டனையையே விளையாட்டாக்கிய புத்திசாலித்தனம் அது. 1994இல் ‘சோனிக் 3’ கார்ட்ரிட்ஜை ‘சோனிக் அண்ட் நக்கிள்ஸ்’ கார்ட்ரிட்ஜின் தலையில் செருகி இரண்டையும் ஒரே நீண்ட ஆட்டமாக ஆடலாம் என்று வந்ததே, அது பக்கவாட்டில் ஓடும் ஆட்டங்களின் வரலாற்றில் ஒரு சிகரம். அதே ஆண்டுகளில் மாரியோவிடம் அதற்கு நிகரான வேகமும் இல்லை, மிடுக்கும் இல்லை.

என்றாலும் முதல் சோனிக்கிலேயே ஒரு தடுமாற்றம் தெரிகிறது. கிரீன் ஹில் முடிந்ததும் வருவது ‘மார்பிள்’ பகுதி. சமதளம், நெருப்புக் குழம்பு, மெல்லத் தள்ள வேண்டிய கல். தரையில் சரிவு இல்லாதபோது சோனிக்கிடம் என்ன மிச்சம்? கொஞ்சம் வழுக்கலான ஒரு சாதாரணத் தாவல். 1992இல் இரண்டாவது ஆட்டம் இதற்கு ஒரு மருந்து கண்டது. கீழ்ப்பொத்தானைப் பிடித்தபடி தாவல் பொத்தானைத் தட்டினால் நின்ற இடத்திலேயே சுழன்று பாயலாம். வசதியான மருந்துதான். ஆனால் சரிவு சம்பாதித்துக் கொடுத்த வேகத்தை ஒரு பொத்தான் இனாமாகக் கொடுக்கத் தொடங்கியது அங்கேதான், பிற்காலச் சங்கடங்களுக்கு விதை அதில் இருக்கிறது.

இரண்டு தொடர்களையும் உண்மையில் சோதித்தது முப்பரிமாணம். 1996 ஜூன் 23 அன்று ‘சூப்பர் மாரியோ 64’ ஜப்பானில் வெளியானது. சோனிக் முதன்முதலாக வெளிவந்த நாளும் ஐந்து வருடங்களுக்கு முந்தைய இதே ஜூன் 23 என்பது வெறும் தற்செயல், ஆனால் ரசிக்கத்தக்க தற்செயல். மாரியோ 64 குழுவினர் கட்டங்களை வரைவதற்கு முன்பே, ஒரு வெற்று அறையில் மாரியோவை விட்டு ஒரு முயலைத் துரத்தவைத்து அவருடைய அசைவைச் செதுக்கினார்கள். வெறும் அறையில் ஓடுவதே இன்பமாக இருந்தால் மற்றதெல்லாம் அதன் மேல் கட்டிக்கொள்ளலாம் என்பது கணக்கு. அந்த முயல் பின்னர் கோட்டையின் அடித்தளத்தில் நிஜமாகவே இடம்பிடித்தது. ஆட்டம் தொடங்கும் கோட்டை வாசலில் எதிரி கிடையாது, கடிகாரம் கிடையாது. மூன்று முறை தொடர்ந்து தாவினால் மூன்றாவது தாவல் விண்ணைத் தொடுகிறது. குனிந்து தாவினால் பின்குட்டிக்கரணம். சுவரில் மோதிய கணத்தில் அழுத்தினால் எதிர்த்திசையில் உதைத்துப் பறக்கலாம். இத்தனையும் வெறும் புல்வெளியில். தாவலுக்குத் தரை உதவ வேண்டிய அவசியமில்லை என்பதால், மூன்றாவது திசை சேர்ந்தபோது அது மேலும் விரிந்தது.

சோனிக்குக்கு நேர்ந்தது வேறு. சாட்டர்ன் பெட்டிக்காகத் திட்டமிட்ட ‘சோனிக் எக்ஸ்ட்ரீம்’ கைவிடப்பட்டது. கடைசியில் 1998இல் டிரீம்காஸ்ட்டுக்கு ‘சோனிக் அட்வென்ச்சர்’ வந்தது. அதன் முதல் கட்டத்தில் ஒரு திமிங்கிலம் மரப்பாலத்தை உடைத்துக்கொண்டே துரத்தும். பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள். ஆனால் அந்த நேரத்தில் ஆடுபவர் செய்ய வேண்டியது குச்சியை ஒரே பக்கம் தள்ளிப் பிடித்திருப்பது மட்டும்தான். வட்டப் பாதைகளுக்கு முன்னால் தரையில் உந்துபலகைகள் பதிக்கப்பட்டன. மிதித்ததும் அவையே சுற்றிவிட்டுவிடும். இதற்கு ஆட்களின் திறமைக் குறைவைக் காரணம் சொல்வது நியாயமில்லை. பக்கவாட்டுத் திரையில் சரிவு என்பது ஒரு கோடு. ஏறுகிறோமா, இறங்குகிறோமா என்பது ஒரே பார்வையில் தெரியும். முப்பரிமாணத்தில் அதே சரிவுக்கு அகலம் வந்துவிடுகிறது, அதில் குறுக்கே ஓடலாம், விளிம்பில் விழலாம், கேமரா பின்னாலிருந்து பார்க்கும்போது சரிவின் கோணமே கண்ணுக்குத் தெரியாது. நிலத்தைப் படிக்கும் கலை, நிலம் கண்ணில் படாத இடத்தில் எப்படிப் பிழைக்கும்? அதனால்தான் அடுத்தடுத்து வந்தவை வேறு வேறு ஊன்றுகோல்களைத் தேடின. 2008இன் ‘அன்லீஷ்ட்’ வேகத்தை ஒரு பொத்தானில் அடைத்தது. 2013இன் ‘லாஸ்ட் வேர்ல்ட்’ உருளை வடிவ உலகங்களுக்குப் போனது. மாரியோவின் ‘கேலக்சி’ 2007இல் குட்டிக் கோள்களைச் சுற்றி ஓடவைத்ததன் நிழல் அதில் தெளிவாகத் தெரியும். 2022இன் ‘ஃப்ரான்டியர்ஸ்’ பரந்த வெளியைத் திறந்துவிட்டு, அந்தரத்தில் தண்டவாளங்களைத் தொங்கவிட்டது. 2006இல் வந்ததைப் பற்றிப் பேசாமலிருப்பதே நாகரிகம்.

சோனிக் ரசிகர்களின் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மாரியோ உடனே இன்பம் தருகிறது, சோனிக் தன்னைக் கற்றவருக்கு மட்டும் தருகிறது, ஆகவே ரசனையில் சோனிக்தான் மேல் என்பார்கள். முதல் தடவை ஆடும்போது முட்டிமோதிய கட்டத்தை இருபதாவது தடவை தரை தொடாமல் கடக்கும்போது கிடைக்கும் பரவசம் பொய்யில்லை. ஆனால் இதற்குள் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மெகா டிரைவின் திரை குறுகியது. முழு வேகத்தில் வரும் சோனிக்குக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பது முட்டிய பிறகுதான் தெரியும். அந்தத் தேர்ச்சியில் பாதி திறமை என்றால் பாதி மனப்பாடம். கற்றவருக்கான பரிசு மாரியோவிலும் குறைவில்லை. 2017இன் ‘ஒடிசி’யில் தாவி, தொப்பியை எறிந்து, அந்தரத்தில் அதன் மேல் பாய்ந்து, அதிலிருந்து மறுபடி எழும்பி, வடிவமைத்தவர்கள் படிக்கட்டு வைத்த இடத்தைப் படிக்கட்டே இல்லாமல் கடக்கலாம். அதைக் கற்க வேண்டிய கட்டாயம் இல்லை. கற்றால் அது எந்த ஊரிலும் எந்தக் கட்டத்திலும் பலிக்கும். கிரீன் ஹில்லில் கற்ற பாதை கிரீன் ஹில்லுக்கு மட்டும்தான்.

மாரியோவும் சலித்துப்போயிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2006 முதல் 2012 வரை ‘நியூ’ என்ற அடைமொழியோடு நான்கு ஆட்டங்கள் வந்தன, கடைசி இரண்டும் ஒரே ஆண்டில். அதே புல்வெளி, அதே பாலைவனம், அதே பனி. பெயரில்தான் புதுமை. சோனிக்கின் மோசமான ஆட்டங்களில் இருக்கும் விபரீத தைரியம்கூட அவற்றில் இல்லை. இசையிலும் சோனிக்குக்கே என் வாக்கு: கோஜி கோண்டோவின் மெட்டுகள் மறக்க முடியாதவைதான், ஆனால் ட்ரீம்ஸ் கம் ட்ரூ குழுவின் மசாட்டோ நாகாமுரா முதல் இரண்டு சோனிக்குக்கும் போட்ட பாட்டுகளில் ஊர் சுற்றும் இளமை ஒன்று இருக்கிறது. இருந்தும் அந்த அலுத்துப்போன ‘நியூ’ வரிசையை எடுத்து ஆடினால், கை ஒரு குறையும் சொல்லாது. 2015இல் ‘மாரியோ மேக்கர்’ வந்தபோது இது இன்னும் வெளிச்சமானது. சதுரச் சில்லுகளை அடுக்கத் தெரிந்த யாரும் ஒரு கட்டம் செய்யலாம் என்று திறந்துவிட்டார்கள். லட்சக்கணக்கில் வந்து குவிந்தவற்றில் பெரும்பாலானவை படுமோசம். அந்தப் படுமோசங்களிலும் தாவல் தாவலாகவே இருந்தது. மோசமாக வரைந்த சோனிக் கட்டத்தில் சோனிக்கே இருப்பதில்லை.

நம்மூர் வாசகர் ஒருவர் வேறு சந்தேகம் எழுப்பலாம். 90களில் இங்கே வீடுகளுக்குள் வந்தவை பெரும்பாலும் நின்டெண்டோவின் பழைய பெட்டியை நகலெடுத்த மலிவு ‘டிவி கேம்’கள், கேசட்டைச் செருகினால் மாரியோதான். சேகாவைப் பார்த்தவர்கள் குறைவு. ஆகவே மாரியோ மீதான பிரியம் வெறும் பழக்கதோஷம் இல்லையா? பழக்கம் 1985இன் மாரியோவுக்கு வேண்டுமானால் சாட்சி சொல்லும். அந்தப் போலிப் பெட்டிகளில் ஓடாத 64க்கோ கேலக்சிக்கோ ஒடிசிக்கோ சொல்லாது.

2017இல் கிறிஸ்டியன் வைட்ஹெட்டும் அவரைப் போன்ற ரசிகர் உலகத்துக் கலைஞர்களும் சேர்ந்து செய்த ‘சோனிக் மேனியா’ பக்கவாட்டுக் கோட்டுக்கே திரும்பிப் போனது. சரிவு திரும்பியது, உருளல் திரும்பியது, தொடரின் பல வருட அவமானம் ஒரே ஆட்டத்தில் துடைக்கப்பட்டது. பழைய தரை கிடைத்ததும் சோனிக் உயிர்பெற்றுவிட்டது என்பதே என் வாதத்துக்குச் சரியான சாட்சி. பிறகு 2023 அக்டோபரில் மூன்றே நாள் இடைவெளியில் இரண்டு தொடர்களும் பக்கவாட்டு ஆட்டங்களோடு மோதின: ஓஷிமாவின் நிறுவனம் சோனிக் டீமோடு சேர்ந்து செய்த ‘சோனிக் சூப்பர்ஸ்டார்ஸ்’, தெசுகா தயாரித்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டர்’. வொண்டரில் ஒரு பூவைத் தொட்டால் குழாய்கள் புழுவாய் நெளிகின்றன, கடிக்கும் செடிகள் கோஷ்டியாகப் பாடிக்கொண்டு ஊர்வலம் போகின்றன, தரை என்று நம்பியது தரையாக இருப்பதில்லை; அத்தனை கூத்துக்கும் நடுவே விரலுக்கு அடியில் அதே தாவல் அசையாமல் நிற்கிறது. சூப்பர்ஸ்டார்ஸில் சரிவுகள் பழையபடியே துல்லியம், உருண்டு இறங்கும்போது மெகா டிரைவ் நாட்கள் கைக்கு நினைவு வருகின்றன. ஆனால் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் பாஸ் சண்டைக்காகச் சோனிக்கைப் பெரும்பாலும் சமதளத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். அங்கே உருள இடமில்லை. எதிரி தன் வித்தைகளை ஒவ்வொன்றாகக் காட்டி முடிக்கும்வரை, உலகிலேயே வேகமான முள்ளெலி வரிசையில் காத்திருக்கிறது.